கருவியும் மொழியும்
சுவீடன் மெல்லிசையை முன்வைத்து ஒரு திறனாய்வு

பாட்டு என்பது இசையும் சொல்லும் கூடிப் பிறப்பது. இவ்விரண்டனுள் இசை பெரிதா, சொல் பெரிதா என்னும் வினா பழையது. ஆனால் அவ்வினா இன்று நம்மிடையே வேறு வடிவில் எழுந்து நிற்கிறது. கருவி மாறிவிட்ட காலத்தில் பாட்டு நம்முடையதாக நிலைபெறுமா? நிலைபெற வேண்டுமாயின் நம் மொழியை விட்டுவிடத்தான் வேண்டுமா? இவ்வினாவை என்னுள் எழுப்பியது ஒரு திருமண வீட்டு உரையாடல்.

சில ஆண்டுகளுக்கு முன், ஈஜோக்கில் நிகழ்ந்த ஒரு திருமணத்தில், சுவீடன் நாட்டில் பணியாற்றி விடுப்பில் வந்திருந்த இளைஞர் ஒருவரைக் கண்டேன். கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை அவர். மின்னிசையில் பெருவிருப்பு உடையவர். பேச்சின் இடையே, “ஐயா, சுவீடன்காரர்கள் ஒரு கோடிப் பேர்தாம். ஆங்கிலத்தில் பாடினார்கள், உலகத்தையே வென்றார்கள். நாம் தமிழிலேயே பாடிக்கொண்டு தோட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டோம்” என்றார். அருகிலிருந்த முதியவர் ஒருவர் அதனை மறுத்தார். “மொழியில் ஒரு குறையும் இல்லை, தம்பி. மின்சாரப் பெட்டி வந்தது, பாட்டுச் செத்தது” என்பது அவர் கருத்து. ஒருவர் மொழியைக் குற்றவாளி ஆக்கினார். மற்றவர் கருவியைக் குற்றவாளி ஆக்கினார். இரண்டும் நம் ஆசிரியர் அறைகளிலும் மாணவர் மேடைகளிலும் அடிக்கடி கேட்கும் கருத்துகளே. ஆதலின் இரண்டையும் நடுவுநிலையில் நின்று ஆராய்தல் தகும்.

முதலில் இளைஞரின் கூற்றைக் காண்போம். அவர் மனத்தில் இருந்தது ‘அப்பா’ என்னும் இசைக்குழு. அக்னேதா, பியோன், பென்னி, ஆன்னி-ஃபிரிட் என்னும் நால்வர் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்தமைந்த பெயர் அது. தமிழில் எழுதும்போது தந்தையை அழைக்கும் சொல்லாக அமைந்துவிடுவது ஒரு வேடிக்கை. 1974ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நிகழ்ந்த ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் ‘வாட்டர்லூ’ என்னும் ஆங்கிலப் பாட்டைப் பாடி இக்குழு வெற்றி பெற்றது. எழுபதுகளில் ஒலிநாடா வழியாகவும் வானொலி வழியாகவும் இவர்களின் பாட்டு மலேசியாவின் சிற்றூர்களையும் எட்டியது.

இவ்வரலாற்றை அறிந்தவர் பலர்; இதன் மறுபக்கத்தை அறிந்தவர் சிலரே. அதே ‘வாட்டர்லூ’, சில வாரங்களுக்கு முன் சுவீடனில் நடந்த தேர்வுப் போட்டியில் சுவீடிய மொழியிலேயே பாடப்பட்டது. அங்கே வென்ற பின்னரே ஆங்கில ஆடை பூண்டு பிரைட்டன் சென்றது. மேலும், போட்டியாளர் தத்தம் நாட்டு மொழியிலேயே பாட வேண்டும் என்னும் விதி 1966 முதல் நடப்பில் இருந்தது. 1973இல் அது தளர்த்தப்பட்டு, 1977இல் மீண்டும் விதிக்கப்பட்டது. அந்த இடைவெளியில் கிடைத்த வெற்றியே 1974இன் வெற்றி. விதி மீண்ட பின்னர் சுவீடன் தோற்றுத் துவண்டதா எனின், இல்லை. 1984இலும் 1991இலும் அந்நாடு மறுபடியும் முதலிடம் பெற்றது. இரு முறையும் வென்றவை தாய்மொழிப் பாட்டுகளே. ஆங்கிலத்தால் மட்டுமே வென்றார்கள் என்னும் கூற்று இதனால் தளர்கிறது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. சுவீடிய மொழியும் ஆங்கிலமும் செருமானிய இனத்து உறவு மொழிகள். இரண்டிலும் ஒரு சொல்லின் ஓர் அசை ஓங்கி ஒலிக்கும். ஏனைய அசைகள் அடங்கும். ஓங்கிய அசை முழவின் அடியில் வந்து விழுமாயின் பாட்டு அமைந்துவிடும். எனவே சுவீடியர் ஆங்கிலத்துக்குச் சென்றது, அடுத்த வீட்டுக்குச் சென்றது போன்றது. தமிழின் நடை வேறு. நம் யாப்பு மாத்திரையை எண்ணி நடப்பது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஆங்கில மெட்டின் மீது தமிழ்ச் சொற்களை அப்படியே ஏற்றினால், அடி விழும் இடத்தில் நிற்கும் குறில் நீண்டுவிடும். ‘மலை’ மாலையாகும், ‘பல்’ பாலாகும், ‘படு’ பாடாகும். நீட்டத்தால் பொருளே திரியும் மொழி நம்முடையது. மேலை மெட்டுகளைத் தழுவிய நம் பாட்டுகள் பல செவியில் ஒட்டாமல் போவதற்குக் காரணம் மொழியின் வறுமையன்று. மொழியின் இயல்பை அறியாமல் மெட்டமைத்தவரின் அவசரமே என்பது என் துணிபு.

இனி, ‘அப்பா’ குழுவின் பாட்டைக் கலையாக மதிப்பிடுவோம். அவர்களின் துள்ளலான பாட்டிலும் அடியில் ஒரு துயரம் ஓடும். இரு பெண்குரல்கள் அடுக்கடுக்காய்ச் சேர்ந்து ஒலிக்கையில், மகிழ்ச்சியும் இரங்கலும் ஒருங்கே கேட்கும். இது எங்கிருந்து வந்தது? இசையமைப்பாளர் பென்னி ஆண்டர்சன், இளமையில் தம் தந்தையிடமும் பாட்டனிடமும் துருத்தி இசைக்கருவியாகிய அக்கார்டியனைக் கற்றவர். நாட்டுப்புற நடன இசையே அவர் கைப்பழக்கத்தின் முதற்பாடம். பியோன் உல்வேயஸ், நாட்டுப்புறப் பாட்டுக் குழுவொன்றில் பாடி வளர்ந்தவர். பின்னாளில் பென்னியின் கைக்கு யமஹா நிறுவனத்தின் மாபெரும் மின்னிசைக் கருவி வந்தபோதும், பழைய துருத்தியின் மூச்சு அதனுள் புகுந்துகொண்டது. கருவி புதிது; கை பழையது. அவர்களின் ஆற்றல் இவ்விணைப்பில்தான் உள்ளது.

குழு 1982இல் தன் பணியை நிறுத்திக்கொண்டது. அதன் பின்னர் இவ்விருவரும் செய்த ஒரு செயல் நமக்குப் பெரிதும் பாடமாகத்தக்கது. உலகப் புகழும் செல்வமும் ஆங்கிலத்தால் பெற்ற அவர்கள், 1995இல் மால்மோ நகரில் ‘கிறிஸ்டினா’ என்னும் பெண்ணின் வாழ்வைக் கூறும் இசைநாடகம் ஒன்றை அரங்கேற்றினர். அது முழுவதும் சுவீடிய மொழியில் அமைந்தது. வில்கெல்ம் மூபெரி என்னும் எழுத்தாளர் 1949 முதல் 1959 வரை வெளியிட்ட நான்கு நாவல்களே அதற்கு மூலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வறுமையால் சுமோலாந்துப் பகுதியை விட்டுக் கப்பலேறி, அமெரிக்காவில் குடியேறிய உழவர்களின் கதை அது. அவ்வாறு வட அமெரிக்கா சென்ற சுவீடியர் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர்.

கப்பல், பசி, பிரிவு, திரும்ப முடியாத ஊர் ஆகிய இவை யாருடைய கதை? கங்காணியின் பின்னே நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவரின் வழித்தோன்றல்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ! உலகை மகிழ்விக்க அயல்மொழி போதுமானதாக இருந்தது. தம் முன்னோரின் துயரத்தைச் சொல்ல அவர்களுக்குத் தாய்மொழியே வேண்டியிருந்தது. இளைஞர் கண்ட சுவீடனில் இந்தச் சுவீடன் இல்லை. இதையும் அவர் கண்டிருப்பாராயின், தம் முடிவை மாற்றிக்கொண்டிருப்பார் என எண்ணுகிறேன்.

இனி முதியவரின் கூற்று. மின்கருவி பாட்டைக் கொன்றது என்பது உண்மையா? நம் இசை வரலாறு இதற்கு விடை தருகிறது. இன்று கருநாடக இசை மேடையில் நீங்கா இடம்பெற்ற வயலின், ஐரோப்பியர் கொணர்ந்த கருவி. பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் நம் இசைக்குள் வந்தது. ஆர்மோனியமோ, அயற்கருவி என்று அகில இந்திய வானொலியில் 1940 முதல் 1971 வரை விலக்கி வைக்கப்பட்டது. ஆயினும் நாடக மேடையும் பசனை மடமும் அதனை விடவில்லை. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராசா கணினி இசையைக் கையாண்டபோதும், 1992இல் ‘ரோஜா’வில் ஏ. ஆர். ரகுமான் புதிய ஒலியமைப்பைத் தந்தபோதும், இதே குறை கூறப்பட்டது. அப்பாட்டுகளை இன்று பழம்பாட்டு என்று பாராட்டுவோரும் அக்குறையைக் கூறியவர்களுள் இருக்கின்றனர்.

சுவீடனின் அண்மைக் காலமும் இதையே காட்டும். ‘அவீச்சி’ என்ற புனைபெயரில் மின்னிசை வழங்கிய டிம் பெர்க்லிங், 2018இல் தம் 28ஆம் வயதில் மறைந்தார். பௌத்தம் கூறும் ‘அவீசி’ என்னும் நரகின் பெயரே அவர் கொண்ட புனைபெயர் என்பது தமிழ் மாணவர்க்கு வியப்பளிக்கும். 2013இல் அவர் வெளியிட்ட பாட்டொன்று, நாட்டுப்புறச் சாயலுடைய கிதார் இசையையும் மனிதக் குரலையும் முதலில் நிறுத்தி, மின்னிசையைப் பின்னர் எழுப்பியது. இயந்திர இசையின் மேடையிலேயே நாட்டுப்புறப் பாடகனுக்கு நாற்காலி போடப்பட்டது எனலாம்.

அவ்வாறாயின் நம் வட்டாரத்தில் பாட்டுக் குறைந்தது ஏன்? புக்கிட் ரோத்தானிலும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் தோட்டங்கள் முழுமையாய் இருந்த நாளில், பெரட்டுக் களத்திலும் லயத்து வாசலிலும் கோயில் திடலிலும் பாட்டு இருந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் கேட்க ஆள் இருந்தனர். பாடவும் ஆள் இருந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புறங்களுக்குச் சிதறியபோது, கேட்போர் கூட்டம் கலைந்தது. ஒப்பாரி பாட அண்டை வீட்டுப் பெண்கள் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் மூடிய கதவுகளுக்குள் அது எவ்வாறு எழும்? பாட்டைக் கொன்றது பெட்டியன்று. கூட்டம் கலைந்ததே பாட்டின் இழப்பு. முதியவரின் துயரம் உண்மையானது. அவர் சுட்டிய காரணமே பிழையானது. இதற்குச் சான்று, கூட்டம் கூடும் இடத்தில் மட்டும் இன்றும் மங்காது ஒலிக்கும் உறுமி மேளம். ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்க, அது விம்மி வழுக்கி எழுப்பும் ஒலியைக் கேட்டவர், மின்கருவி எழுப்பும் அடிக்குரலைப் புதுமை என்று வியக்கமாட்டார்.

மின்னிசையும் தமிழும் இந்நாட்டில் இணைந்தமைக்கு ஒரு சான்றை எடுத்துக்கொள்வோம். 2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவினர் ‘வல்லவன்’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராசா அமைத்த ‘மடை திறந்து’ என்னும் பாட்டை எடுத்து, அதன் மீது விரைவுச் சொல்லிசையை அமைத்தனர். தமிழாசிரியர் பலர் அன்று முகம் சுளித்தனர். ஆயினும் செவி கொடுத்துக் கேட்டால், அவ்விளைஞர் தம்மை அறியாமலேயே பழைய நெறியொன்றில் நடந்தமை புலனாகும். சொல்லிசைக்கு உயிர் எதுகையும் இயைபும், உடல் சந்தம். தொல்காப்பியர் செய்யுளியலில் வண்ணங்கள் இருபது என வகுத்தார். அருணகிரிநாதர் சந்தத்தின் எல்லையைத் திருப்புகழில் தொட்டார். வல்லொற்றும் மெல்லொற்றும் முழவுச் சொல்லாய் முழங்கும் மொழிக்குச் சொல்லிசை அயலானதன்று.

குறையும் உண்டு. தற்புகழ்ச்சி மிகுதி. ஆங்கிலத் தொடர்கள் பொருள் தேவையால் வாராமல், வேகத்திற்கு இட்டுநிரப்பலாகச் சில இடங்களில் வருகின்றன. தோட்டமும் பால்வாளியும் இடப்பெயர்வும் அப்பாட்டுகளில் போதிய இடம் பெறவில்லை. வடிவத்தை வென்றவர்கள் பொருளில் இன்னும் ஆழ்ந்திருக்கலாம். ஆனால் அக்குறை அவர்களுடையது மட்டுமன்று. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’யும் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்ன’மும் மாணவர் கையில் இருக்க, அவற்றை இசைநாடகமாக்குக என்று நாம் எத்தனை மாணவர்க்குச் சொன்னோம்?

சுவீடனின் வெற்றிக்கு வேரான ஒன்றைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தல் ஆகாது. 1940கள் தொட்டு அந்நாட்டு நகராட்சிகள் இசைப்பள்ளிகளை நிறுவி, ஏழைப் பிள்ளையும் ஒரு கருவியைக் கற்க வழிசெய்தன. பிற்காலத்தில் உலகறிந்த இசையமைப்பாளர் பலர் அங்கிருந்தே புறப்பட்டனர். ஆங்கிலம் அவர்கள் வெளியே சென்ற வாயில். பள்ளியே அவர்கள் வளர்ந்த வீடு. வாயிலைப் பார்த்துவிட்டு வீட்டை மறத்தல் அறிவுடைமை ஆகாது.

நம் தமிழ்ப்பள்ளிகளில் பெருஞ்செலவு செய்ய இயலாமல் இருக்கலாம். ஒரு சிறு மின்னிசைப் பலகை போதும். பாட்டியிடம் எஞ்சியிருக்கும் ஒரு தாலாட்டை மாணவன் கேட்டு எழுதி வரட்டும். அதன் மாத்திரையை எண்ணட்டும். குறில் நெடில் கெடாமல் அதற்குப் புதிய தாளம் அமைக்கட்டும். யாப்பிலக்கணம் அன்று அவனுக்குச் சுமையாய் இராது. அவன் வீட்டு வரலாறும் அவன் வாயில் ஏறும்.

1917ஆம் ஆண்டு, மலாயாவில் வணிக நோக்கில் எண்ணெய்ப்பனை முதன்முதலாக நடப்பட்டது பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில். மரம் ஆப்பிரிக்காவினது; நட்ட முதலாளி ஐரோப்பியர்; தோட்டத்தின் பெயரோ தமிழ். பத்தாங் பெர்ஜுந்தையின் பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா என மாறியது. தென்னமரம் என்னும் பெயர் தன் பொருளோடு இன்றும் வழங்குகிறது. முன்பின் கண்டிராத அந்த மரத்தைக் கண்டு நம் முன்னோர் அஞ்சவும் இல்லை. அதன் பொருட்டுத் தம் மொழியைக் கைவிடவும் இல்லை. ‘செம்பனை’ என்று பெயரிட்டு அழைத்தனர். எழுதப் படிக்க அறியாத தொழிலாளர் செய்த அப்பணியை, இசைத் துறையில் செய்வது கற்ற நமக்கு அரிதாகலாமா? கருவி எந்நாட்டிலிருந்தும் வரட்டும். அதனைத் தமிழில் பேசவைப்பது நம் கடன்.