விட்டு விட்டுத் தோற்கும் சோதனை

கணக்குப் போடும் மென்பொருள் ஒன்றைச் சரிபார்க்க, அதை எழுதியவர்களே ஏராளமான சிறு சோதனைகளையும் எழுதி வைக்கிறார்கள். காலையில் தோற்ற சோதனை ஒன்று, ஓர் எழுத்தையும் மாற்றாமலே மாலையில் தேறிவிட்டால் என்ன செய்வது? "மறுபடி ஓட்டுங்கள், சரியாகிவிடும்" என்பதே பலர் சொல்லும் மருந்து. இம்மருந்து நோயைத் தீர்ப்பதில்லை, மறைக்கிறது.

ஓர் எளிய உதாரணம் பாருங்கள். 'எந்த எண்ணையும் வர்க்கப்படுத்தி வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் கிடைக்கும்' என்ற விதி மென்பொருளில் இருப்பதாகக் கொள்வோம். 3-க்கு இது சரி. -3-க்கோ விடை 3 என வரும், தவறு. சோதனையானது -1-க்கும் 9-க்கும் இடையே குருட்டாம்போக்கில் ஓர் எண்ணை எடுத்தால், சராசரியாகப் பத்தில் ஒரு முறைதான் தோற்கும். பத்து முறை ஓட்டினாலும் ஒருமுறைகூடத் தோற்காமல் தப்பிக்க நூற்றுக்கு 35 பங்கு வாய்ப்பு உண்டு. தோல்வி விட்டு விட்டு வருகிறது; தவறோ நிரந்தரமாக இருக்கிறது!

'சிம்பை' என்பது இயற்கணிதமும் நுண்கணிதமும் செய்யும் நிரல் தொகுப்பு. பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. 2017-இல் இதைப்பற்றி வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் கரக்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தவரும், இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரும் உண்டு. இதன் சோதனைகள் சிலவும் தற்செயல் எண்களைக் கொண்டே இரு கோவைகளை ஒப்பிடுகின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு. 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதல், பாதுகாப்புக் கருதி, பெயர்களை நினைவகத்தில் அடுக்கும் முறை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறது. 'முதலில் கிடைக்கும் மாறியை எடு' என்று எழுதப்பட்ட நிரல், இன்று ஒரு மாறியையும் நாளை வேறொன்றையும் எடுக்கும்.

சிம்பை இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு பாராட்டத்தக்கது. சோதனை ஓடும்போது தற்செயல் எண்களின் 'விதை'யையும், அடுக்கு முறையின் விதையையும் அது அச்சிட்டுக் காட்டுகிறது. அவ்விரு எண்களையும் திரும்பக் கொடுத்தால், பெரும்பாலும் அதே தோல்வியை மறுபடி வரவழைக்கலாம். ஆனால் இது பாதி வேலையே. விதை தோல்வியைக் காட்டும்; காரணத்தைச் சொல்லாது. மெதுவான கணிப்பொறியில் நேரம் போதாமல் தோற்கும் சோதனைக்கு விதை உதவவும் செய்யாது.

'அப்படியானால் என்றும் ஒரே விதையை வைத்துவிடலாமே' என்பாரும் உண்டு. ஆண்டுதோறும் ஒரே வினாத்தாளைக் கொடுப்பது போன்றது அது. எல்லாரும் தேறுவார்கள், யாருக்குப் பாடம் தெரியும் என்பது தெரியாது.

கீழப்பழுவூர் போன்ற ஊர்களில் படிக்கும் மாணவருக்கு, விலையுயர்ந்த வேறொரு மென்பொருளில் விடையை ஒப்பிட்டுப் பார்க்க வசதி ஏது? கட்டணமின்றிக் கிடைக்கும் தொகுப்பின் சோதனைகளே அவருக்குக் காவல். செய்முறை வகுப்பில் ஒத்துவராத அளவீட்டை அழித்துவிடும் மாணவனை நாம் கண்டிக்கிறோம் அல்லவா? தோற்ற ஓட்டத்தைக் குறித்துக்கொள்ளாமல் மறுபடி ஓட்டுபவரும் அதைத்தான் செய்கிறார். தோல்வி தந்த எண்ணைக் குறித்து வையுங்கள். காரணம் கண்டபின் அந்த எண்ணையே ஒரு நிரந்தரச் சோதனையாக்குங்கள்.