வாடகை ஏஐ, சொந்த ஏஐ

2023 பிப்ரவரி இறுதியில் மெட்டா நிறுவனம் 'லாமா' என்ற மொழி மாடலை வெளியிட்டது. விண்ணப்பிக்கும் ஆய்வாளர்களுக்கு மட்டும் கோப்புகள் என்பது ஏற்பாடு. அந்தக் கட்டுப்பாடு ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை. மார்ச் தொடக்கத்தில் கோப்புகள் டாரென்ட் என்ற கோப்புப் பகிர்வு வழியில் கசிந்து, வேண்டியவர் இறக்கிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. அதே மாதம் பல்கேரியாவைச் சேர்ந்த கியோர்கி கெர்கானோவ் 'லாமா சிபிபி' என்ற நிரலை எழுதி வெளியிட்டார். பெரிய சர்வர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்ட மாடல், அந்த நிரலின் உதவியால் ஒரு மேக்புக்கில் ஓடியது. இன்று வீட்டுக் கணினியில் ஏஐ ஓட்டுபவர்கள் அதிகம் பயன்படுத்தும் ஒலாமா, எல்எம் ஸ்டுடியோ ஆகியவையெல்லாம் அந்த நிரலின் வழியில் வளர்ந்தவைதான்.

நிறுவுவது இப்போது பெரிய வித்தையே இல்லை. மென்பொருளை இறக்கி, மாடலின் பெயரைச் சொல்லி ஒரு வரி கட்டளை கொடுத்தால் ஐந்து ஜிபி அளவில் ஒரு கோப்பு வந்து சேரும். பிறகு வைஃபையை அணைத்துவிட்டுக் கேள்வி கேட்டாலும் பதில் வரும். முதல் முறை பார்ப்பவருக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். அந்த வியப்பு அடங்கிய பிறகு மிஞ்சுவது என்ன என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் கோப்பின் கணக்கு. எண்ணூறு கோடி அளவுருக்கள், அதாவது பயிற்சியில் கிடைத்த எண்கள், கொண்ட ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம். 'எட்டு பி' (எட்டு பில்லியன்) என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு அளவுருவையும் 16 பிட்டில் வைத்தால் மொத்தம் 16 ஜிபி. அதையே ஏறக்குறைய நான்கு பிட்டுக்குச் சுருக்கினால் ஐந்து ஜிபிக்குள் அடங்கிவிடும். சுருக்கும்போது கொஞ்சம் கூர்மை போகும். ஆனால் நான்கு பிட் வரை இழப்பு பொறுத்துக்கொள்ளத் தக்கது, அதற்குக் கீழே போனால் உளறல் தொடங்கும் என்பது பயனர்களின் பொதுவான அனுபவம். வேகத்தைத் தீர்மானிப்பது பிராசஸரைவிட நினைவகத்தைப் படிக்கும் வேகம்தான். ஒவ்வொரு சொல்துண்டையும், அதாவது டோக்கனையும், எழுதுவதற்கு இந்த ஐந்து ஜிபியையும் ஒரு முறை முழுதாகப் படித்தாக வேண்டும். இரண்டு ரேம் குச்சிகள் போட்ட டிடிஆர்4 கணினி நொடிக்குச் சுமார் 51 ஜிபி படிக்கும். ஆக, நொடிக்குப் பத்து டோக்கன்தான் உச்சவரம்பு. 12 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு 360 ஜிபி படிக்கும்; ஏழு மடங்கு வேகம். விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் ஒரே ஒரு ரேம் குச்சியைத்தான் செருகித் தருகிறார்கள். இரண்டாவது குச்சியைப் போட்டாலே வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்பதை விற்பவர் யாரும் சொல்வதில்லை.

இப்படி வீட்டிலேயே ஓட்டும் சொந்த ஏஐக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில் வலுவானது ரகசியம். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பொறியாளர்கள் நிறுவனத்தின் மூல நிரலை சாட்ஜிபிடியில் போட்டுவிட்டதால், 2023 மே மாதம் சாம்சங் தன் ஊழியர்களுக்கு இத்தகைய சேவைகளைத் தடை செய்தது. 2025 ஜனவரி இறுதியில் இந்திய நிதி அமைச்சகம் அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்கும்படி சுற்றறிக்கை விட்டது. எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது அதே ஆண்டு மே மாதம் நடந்தது. நியூயார்க் டைம்ஸ் தொடுத்த பதிப்புரிமை வழக்கில், பயனர்கள் அழித்துவிட்ட உரையாடல்களையும் சேர்த்துப் பாதுகாத்து வைக்குமாறு ஓப்பன்ஏஐக்கு அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. நிறுவனம் எதிர்த்துப் பார்த்தும் பல மாதம் அந்த உத்தரவு நடைமுறையில் இருந்தது. 'அழி' என்ற பொத்தானை அழுத்தியவருக்கும் அந்த வழக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் அவர் எழுதியது கோப்பில் இருந்தது. கட்சிக்காரரின் வாக்குமூலத்தைச் சுருக்க நினைக்கும் வழக்கறிஞர், நோயாளியின் குறிப்புகளைத் தொகுக்கும் மருத்துவர், வெளிவராத நாவலைத் திருத்தும் எழுத்தாளர் ஆகியோருக்கு இது ஒன்றே போதிய காரணம்.

இன்னொரு பலன் அதிகம் பேசப்படுவதில்லை: மாடல் மாறாமல் இருப்பது. 2025 ஆகஸ்டில் ஜிபிடி-5 வந்தபோது, பயனர்கள் பழகியிருந்த ஜிபிடி-4ஓ திடீரென்று பட்டியலிலிருந்து காணாமல் போனது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே சந்தா கட்டியவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ஒரு வேலைக்கு நுணுக்கமாகக் கட்டளை எழுதிப் பழகியவருக்கு இது பெரிய தொல்லை. ஹார்டு டிஸ்கில் இருக்கும் மாடலுக்கு இந்தக் கதி இல்லை. நேற்று கொடுத்த அதே தரத்தில் ஐந்து ஆண்டு கழித்தும் கொடுக்கும், நல்லதோ கெட்டதோ.

ஆனால் வீட்டுக்குள் இருக்கிறது என்பதாலேயே பத்திரம் என்றாகிவிடாது. ஒலாமாவை வழக்கமாக நிறுவினால் அந்தக் கணினிக்கு மட்டுமே பதில் சொல்லும். கைபேசியிலிருந்தும் கேட்க வேண்டும் என்று ஒரு அமைப்பை மாற்றி, ரவுட்டரிலும் ஒரு வழியைத் திறந்துவிட்டால், கடவுச்சொல்கூட இல்லாமல் உலகமே உள்ளே வரலாம். 2024இல் விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒலாமாவில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தது: திறந்து கிடக்கும் சர்வரில் வெளியாள் தன் நிரலையே ஓட்டிவிட முடியும். சில நாள்களிலேயே அது சரிசெய்யப்பட்டது. புதுப்பிக்காத கணினிகளுக்கு அதனால் என்ன பயன்? ரகசியத்துக்காக வீட்டில் வைத்துவிட்டு வாசலைத் திறந்து போடுவதைவிட சாட்ஜிபிடி போன்ற வாடகைச் சேவையே மேல்.

ஏஐ உதவியாளருக்கு மின்னஞ்சல் படிக்கவும் பதில் அனுப்பவும் அதிகாரம் கொடுக்கும் மோகம் இப்போது பரவுகிறது. சைமன் வில்லிசன் என்ற நிரலாளர் 2025இல் இதைத் தெளிவாக எச்சரித்தார். தனிப்பட்ட தகவல், நம்பகமற்ற வெளி உரை, வெளியே அனுப்பும் வழி ஆகிய மூன்றும் ஒரே உதவியாளரிடம் சேர்ந்தால் ஆபத்து. வந்த மின்னஞ்சலில் மறைந்திருக்கும் ஒரு வாக்கியத்தைத் தன் எஜமானரின் கட்டளை என்று அது எடுத்துக்கொள்ளக்கூடும். இதில் சிறிய மாடல் எளிதில் ஏமாறும். வீட்டில் ஓடுவதோ சிறிய மாடல்தான்.

சொந்த ஏஐ என்றால் முழுச் சுதந்திரம் என்ற வாதத்துக்கும் எல்லை உண்டு. 2025 ஜனவரியில் வந்த சீன மாடலான டீப்சீக் ஆர்1 எம்ஐடி என்ற திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. வீட்டில் ஓட்டினால் ஒரு எழுத்தும் சீனாவுக்குப் போகாது. ஆனாலும் தியானென்மென் சதுக்கப் படுகொலை பற்றிக் கேட்டால் நழுவும் பழக்கம் மாடலுக்குள்ளேயே பதிந்து வருகிறது. அதை நீக்கி பெர்ப்ளெக்சிட்டி நிறுவனம் தனிப் பதிப்பே வெளியிட வேண்டியிருந்தது. இங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. உண்மையான ஆர்1 67,100 கோடி அளவுருக்கள் கொண்டது. சாதாரண வீட்டுக் கணினி தாங்காது. லேப்டாப்பில் அந்தப் பெயரில் ஓடுகிற எழுநூறு கோடி மாடல், அலிபாபாவின் குவென் மாடலை ஆர்1-இன் விடைகளைக் கொண்டு பயிற்றி எடுத்தது. 'என் லேப்டாப்பில் டீப்சீக் ஓடுகிறது' என்று பெருமைப்பட்டவர்களில் பலர் ஓட்டியது அதைத்தான்.

செலவு மிச்சம் என்ற வாதம் இந்தியாவில் நிற்கவே நிற்காது. சாட்ஜிபிடியின் 'கோ' திட்டம் 2025 ஆகஸ்டில் இங்கே மாதம் 399 ரூபாய்க்கு வந்தது. நவம்பரில் ஓராண்டுக்கு இலவசம் என்றார்கள். ஏர்டெல் சந்தாதாரர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டி, ஜியோ சந்தாதாரர்களுக்கு ஜெமினி என்று சலுகைகள் வரிசை கட்டின. லட்ச ரூபாய் கொடுத்து ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால், அது அந்த 399 ரூபாய்த் திட்டத்தின் இருபது ஆண்டு சந்தாவுக்குச் சமம். மின்சாரத்தையும் சேர்க்க வேண்டும். கார்டு போட்ட கணினி சும்மா இருக்கும்போது 60 வாட் இழுக்கிறது என்று வைத்தால், இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 86 யூனிட். தமிழ்நாட்டில் 2025 நிலவரப்படி இரு மாதத்துக்கு ஒரு முறை கிடைத்த 100 இலவச யூனிட்டில் பெரும்பகுதியை ஒரு கேள்வியும் கேட்காமலேயே அது தின்றுவிடும். இலவசமாக அள்ளிக் கொடுப்பவர்கள் ஏன் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி வேறு. அந்தக் கேள்விக்கு மதிப்புக் கொடுப்பவர் ரகசியத்துக்காகச் செலவழிக்கிறேன் என்று சொல்லட்டும், மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்ல வேண்டாம்.

தமிழ் வாசகருக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமான சங்கதி, இந்த மாடல்களுக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்பது.

மாடல் எழுத்துகளை நேராகப் படிப்பதில்லை; டோக்கன்களாக உடைத்தே படிக்கிறது. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிக்கும். 'கிணறு' என்று எழுத ஐந்து குறிகள், பதினைந்து பைட். தமிழுக்கு இடமே ஒதுக்காத டோக்கன் பட்டியலில் அந்த ஒரு சொல் பதினைந்து துண்டுகள் வரை உடையலாம். ஆங்கிலத்தில் அதே பொருளுக்கு ஒரு துண்டு போதும். லாமா 2-இன் பட்டியலில் இருந்த 32,000 டோக்கன்களில் தமிழுக்குப் பெயரளவுக்குத்தான் இடம். 2023 நவம்பரில் அபினந்த் பாலச்சந்திரன் 'தமிழ்-லாமா'வை உருவாக்கியபோது முதல் வேலையாக 16,000 தமிழ் டோக்கன்களைச் சேர்த்தார். கூகுளின் ஜெம்மா மாடல்களின் பட்டியலில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட டோக்கன்கள் இருப்பதால் தமிழ் அங்கே அவ்வளவு சிதறுவதில்லை. இது அழகியல் பிரச்சினை அல்ல. நொடிக்குப் பத்து டோக்கன் எழுதும் கணினியில் ஆங்கிலம் வாசிக்கும் வேகத்துக்கு ஓடிவரும். தமிழ் எழுத்து எழுத்தாகச் சொட்டும்.

அடுத்தது ஞாபகம். ஒலாமா நெடுநாள் 2,048 டோக்கன்களையே ஒரே நேரத்தில் நினைவில் கொள்ளும் இயல்பு அளவாக வைத்திருந்தது. பிறகு 4,096 ஆனது. முப்பது பக்கக் கிரயப் பத்திரத்தை இதில் கொடுத்து, 'கிழக்கு எல்லை எது?' என்று கேட்டால் என்ன நடக்கும்? ஆங்கிலப் பத்திரமானால் சில பக்கங்களும், தமிழானால் ஓரிரு பக்கமும்தான் உள்ளே போயிருக்கும். மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டு, படித்தது போலவே பதில் சொல்லும். எல்லை விவரம் வெட்டுப்பட்ட பக்கத்தில் இருந்தால், பக்கத்து நிலத்துக்காரர் பெயர் ஒன்றைக் கற்பனையாகவே போட்டுவிடும். அளவைக் கூட்டலாம், ஆனால் லாமா 3.1-இன் எட்டு பி மாடலில் ஒவ்வொரு டோக்கனையும் நினைவில் வைக்க 128 கேபி வேண்டும். 8,192 டோக்கனுக்கு ஒரு ஜிபி, 32,768க்கு நான்கு. எட்டு ஜிபி லேப்டாப்பில் அதற்கு இடமில்லை. இதற்குத் தீர்வாக ஆவணத்தைத் துண்டுகளாக்கிப் பொருத்தமானதை மட்டும் தேடி எடுத்துக் கொடுக்கும் முறை இருக்கிறது. ஆனால் அந்தத் தேடலைச் செய்யும் சிறு மாடல்களில் பல ஆங்கிலத்தை மனதில் வைத்துப் பயிற்றப்பட்டவை.

இன்னும் ஒன்று, நம்மூருக்கே உரியது. தமிழில் பழைய பிடிஎஃப்கள் ஏராளமாக யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. இலங்கையில் பாமினி, தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில். திரையில் அழகான தமிழ். உள்ளே ஆங்கில எழுத்துக் குவியல். பாமினியில் தட்டிய 'அம்மா' மாடலின் கண்ணுக்கு நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். 2010இலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தாலும் முந்தைய கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. அவற்றை மாற்றி எடுக்காமல் எந்த ஏஐயிடம் கொடுத்தாலும் குப்பைதான் திரும்பும். நல்லவேளையாக, எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதற்கு ஏஐ தேவையில்லை.

இத்தனை குறைகளுக்கு நடுவிலும் ஓர் எல்லைக்குள் சொந்த ஏஐ உழைக்கிறது. ஆங்கிலக் கடிதம் திருத்துவது, நிரல் எழுத உதவுவது, ரகசிய ஆவணத்தின் சில பக்கங்களைச் சுருக்குவது, நூறு விலைப்பட்டியல்களிலிருந்து தேதியையும் தொகையையும் பிரித்தெடுப்பது ஆகியவற்றுக்கு எட்டு பி, பன்னிரண்டு பி மாடல்கள் போதும். 2025 ஆகஸ்டில் ஓப்பன்ஏஐயே அப்பாச்சி என்ற திறந்த உரிமத்தில் விட்ட ஜிபிடி-ஓஎஸ்எஸ் இருபது பி மாடல் 16 ஜிபி நினைவகத்தில் ஓடுகிறது. தமிழுக்கு ஜெம்மா 3-இன் பன்னிரண்டு பி மாடலில் தொடங்கலாம். பொது அறிவுக் கேள்வி, தமிழ் இலக்கியச் சந்தேகம், மருத்துவ ஆலோசனை என்று போனால் இவை பொய்யைத் தயங்காமல் சொல்லும். சங்கப் பாடலின் புலவர் பெயரை இவற்றிடம் கேட்பது வீண்.

ஆகவே கார்டு வாங்கக் கடைக்குப் போகுமுன், இருக்கிற கணினியிலேயே இலவசமாக ஒரு மாடலை இறக்கி ஓட்டிப் பார்ப்பது நல்லது. உங்கள் சொந்த ஆவணங்களிலிருந்து, விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பத்துக் கேள்விகளை எழுதிக் கேளுங்கள். பாதியைத் தமிழில் கேளுங்கள். எத்தனை சரியாக வருகிறது என்று எண்ணிப் பார்த்த பிறகு பணத்தை வெளியே எடுங்கள்.