அழைப்பும் அழைக்கப்படாதோரும்: ஆய்விதழ்களின் கட்டுரைக் கோரல் பற்றிச் சில குறிப்புகள்

ஆய்விதழொன்று கட்டுரைகளைக் கோரி வெளியிடும் அறிவித்தலை நாம் வழமையாக விமர்சனத்துக்குரிய எழுத்தாக நோக்குவதில்லை. அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்டு, இறுதித் திகதி கடந்ததும் அகற்றப்படும் தாளென்றே அதனைக் கருதுகின்றோம். ஆயினும் எவ்வெழுத்தையும் போல அதற்கும் ஒரு வாசகர் உளர். அவ்வாசகர் யாவர் என்பதை அது விதிக்கும் நிபந்தனைகளே தீர்மானிக்கின்றன. எவரை அழைக்கின்றது, எவரை அழையாது விடுகின்றது என்பதில் அதன் வர்க்கச் சார்பு வெளிப்படும். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பிரதேசத்தை முன்வைத்து இதனை நோக்க விழைகின்றோம்.

இப்பிரதேசத்தின் எழுத்து வரலாறே ஒருவகையில் அழைப்புக்களின் வரலாறுதான். திருகோணமலையிற் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் வெளிவந்தது சென்னையிலே. தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் பலராலும் கொள்ளப்படும் அந்நூலை எழுதியவர் இத்துறைமுகத்தவர். அதனை ஆக்குவதற்கான அச்சகமும் வாசகர் கூட்டமும் கடலுக்கு அப்பால் இருந்தன. கருத்துற்பத்திக்கான சாதனங்கள் எங்குக் குவிந்துள்ளனவோ அங்கேயே எழுத்தாளனும் செல்லவேண்டியவனாகின்றான்.

அறுபது ஆண்டுகளின் பின்னரும் நிலைமை பெரிதும் மாறியதாகத் தெரியவில்லை. 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா சென்னையில் ‘எழுத்து’ சஞ்சிகையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு முதலாக அதில் எழுதலானவர் இருபது வயது மதிக்கத்தக்க தருமு சிவராம். பின்னாளில் பிரமிள் எனப் பெயர் பெற்றவர். அவர் பல்கலைக்கழகமொன்றின் சார்பில் எழுதியவரல்லர். திருகோணமலையிலிருந்து தபாலில் அனுப்பிய கவிதைகளும் கட்டுரைகளும் அச்சேறின. பிரமிளின் இலக்கியக் கொள்கையோடு எமது அணியினர் என்றும் உடன்பட்டதில்லை, நாமும் உடன்படவில்லை. ஆயினும் உருவவாதிகள் என்று நாம் சாடிய ஒரு சிறுசஞ்சிகை முகமறியாத இளைஞனுக்குக் கதவைத் திறந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மக்கள் இலக்கியம் பேசிய எமது ஏடுகள் யாவும் அவ்வாறு திறந்திருந்தனவா என்று வினவுவாரும் உளர். அவ்வினா நியாயமானதே.

2007இல் திருகோணமலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய கவிதை இதழொன்றின் பெயர் ‘நீங்களும் எழுதலாம்’. கட்டுரைக் கோரல் பற்றி நாம் சொல்லக்கூடியவற்றுட் பெரும்பகுதியை அப்பெயரே சொல்லிவிடுகின்றது. ‘உம்’ என்னும் இடைச்சொல் இங்கு எச்சவும்மையாக நின்று, இதுவரை எழுதாதோரைக் கூட்டி வருகின்றது. எமது பல்கலைக்கழக ஆய்விதழ்களின் அழைப்புக்களில் இந்த ‘உம்’ இல்லை.

இதனை வெறுங்குறையாகக் கூறுதல் பொருந்தாது. தனிநாயகம் அடிகள் 1952 முதல் நடத்திய ‘தமிழ்க் கல்ச்சர்’ ஆங்கிலத்தில் வெளிவந்ததற்குத் தக்க காரணம் இருந்தது. பிலியோசா, சுவெலபில் முதலியோரைத் தமிழாய்வினுள் அழைப்பதும் தமிழை உலகின் முன் வைப்பதும் அன்றைய வரலாற்றுத் தேவைகள். 1974இல் யாழ்ப்பாண வளாகம் கைலாசபதியின் தலைமையில் தோன்றியபோது தேவை வேறாயிற்று. தமிழிலேயே சமூக விஞ்ஞானங்களைச் சிந்திப்பதற்கான களங்கள் வேண்டப்பட்டன. மட்டக்களப்பில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியும், அதிலிருந்து 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமும் உருவாயின. திருகோணமலையில் 1993இல் தொடங்கிய இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி 2001இல் அப்பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று. துறைமுகத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் உயர்கல்வி நிறுவனம் அமைந்தமை, சரவணமுத்துப்பிள்ளை காலத்து இடைவெளியை மூடியிருக்க வேண்டும்.

இன்றைய அழைப்பொன்றைக் கையிலெடுத்து வாசிப்போம். தமிழ்க் கட்டுரைக்கும் ஆங்கிலத்தில் 250 சொற்களில் ஆய்வுச் சுருக்கம், ஐந்து திறவுச்சொற்கள், எழுதுவோர் சார்ந்துள்ள நிறுவனத்தின் பெயர், குறித்த மேற்கோள் முறை, சிலவிடத்துப் பிரசுரக் கட்டணம். இவை ஒவ்வொன்றும் தனித்து நோக்குமிடத்து நியாயமானவையே. ஒன்றுசேரும்போது அவை ஒரு வேலியாகின்றன. வேலிக்கு உட்புறத்தில் நிற்போர் பதவியுயர்வுக்குப் புள்ளிகள் தேடும் எம்மைப் போன்ற விரிவுரையாளர். கட்டுரையின் பயன்பெறுமதி பின்னொதுங்கிப் பரிவர்த்தனைப் பெறுமதி முன்வந்து நிற்கின்றது. எத்தனைபேர் வாசித்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. எங்கு அட்டவணைப்படுத்தப்பட்டது என்றே கேட்கிறார்கள்.

துறைமுகம் பற்றிய ஆய்வில் இதன் விளைவு தெளிவாகவே தெரிகின்றது. இந்து சமுத்திரத்தின் பூகோள அரசியல் என்ற தலைப்பில் அழைப்பு வந்தால் கட்டுரைகள் குவியும். சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள் பற்றி எழுதுவோர் பலர்; 2022 ஜனவரியில் இந்தியாவுடன் அவை தொடர்பாகச் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கைக்குப் பின் அத்தொகை மேலும் பெருகியது. அத்தாங்கிகளைக் கட்டியவர்கள் யாவர், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது கப்பற்பட்டறையில் நின்றவர்கள் யாவர், 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்து வெளியேறியபின் அதில் உழைத்துப் பிழைத்த குடும்பங்கள் எங்குச் சென்றன என்பன பற்றித் தமிழில் வாசிக்கக் கிடைப்பது மிகச் சொற்பம். தண்டயலும் சம்மாட்டியும் கரைவலை இழுப்போரும் மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ போன்ற புனைகதைகளில் இடம்பெற்ற அளவுக்கு எமது ஆய்விதழ்களில் இடம்பெற்றாரில்லை. சிறுகதை செய்ததை ஆய்வு செய்யவில்லை.

எழுதுவதற்கு ஆளில்லை என்பது இதற்கு விடையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேறோர் ஆய்விதழின் பதிப்புக் குழுவில் இருந்தபோது, இளைப்பாறிய துறைமுகத் தொழிலாளி ஒருவரிடமிருந்து இரண்டு கொப்பிகள் தபாலில் வந்தன. கப்பற்பட்டறையில் வழங்கிய சொற்களை அவர் பொருளுடன் எழுதியிருந்தார். ஆங்கிலம், போர்த்துக்கேயம், சிங்களம், மலையாளம் யாவும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகியோரின் வாயிற் புகுந்து உருமாறிய சொற்கள். இடையிடையே எந்த வேலைக்கு எவ்வளவு கூலி, எந்த லயத்தில் யார் வசித்தார் என்ற குறிப்புகளும் இருந்தன. குழு அவற்றைக் கட்டுரையாகக் கொள்ளவில்லை. வடிவமைப்பு விதிகளின் பிரதியொன்றை இணைத்துக் கொப்பிகளைத் திருப்பியனுப்பினோம். அக்கடிதத்தில் கையொப்பமிட்டவருள் நாமும் ஒருவர். அவர் மீண்டும் எழுதவில்லை. பின்னர் தேடிச் சென்றபோது அவர் காலமாகியிருந்தார். கொப்பிகள் பற்றி வீட்டார் எதுவும் அறிந்திலர். சுயவிமர்சனம் என்ற சொல்லை மேடைகளில் நாம் தாராளமாகப் பயன்படுத்தி வந்துள்ளோம். அதன் எடையை அந்த வாசலில் நின்றபோதுதான் உணர்ந்தோம்.

இவ்விடத்து ‘தரம்’ என்ற சொல் உடனே எழுப்பப்படும். மதிப்பீட்டு முறையை நாம் இகழவில்லை. ஆசிரியரின் சாதியும் ஊரும் குருபரம்பரையும் பார்த்துப் பிரசுரித்த காலத்தை மனங்கொண்டால், பெயர் மறைத்து மதிப்பிடுதல் ஒரு சனநாயக முன்னேற்றமே. நடையைக் கொண்டே ஆளை இனங்கண்டுவிடும் எமது சிறிய தமிழாய்வுலகில் அம்மறைப்பு எத்தனை தூரம் மறைப்பாகும் என்பது வேறு விடயம். ஆனால் மதிப்பிடுதல் கட்டுரை வந்துசேர்ந்த பின்னர் நிகழ்வது. அழைப்பு அதற்கு முந்தியது. முன்னையதற்குரிய கண்டிப்பைப் பின்னையதன்மீது ஏற்றியதே எமது தவறு. அந்தக் கொப்பிகளுக்கு மேற்கோள் முறை தேவைப்படவில்லை. அருகிருந்து கேட்டு, சரிபார்த்து, பதிப்பிக்கும் ஆய்வாளர் ஒருவரே தேவைப்பட்டார். அத்தகைய உழைப்புக்குப் பதவியுயர்வுத் திட்டத்தில் எத்தனை புள்ளிகள் என்பதை வாசகர் அறிவர்.

எனவே எமது சங்கத்தின் அடுத்த தொகுதிக்கான அழைப்பைத் திருத்தியுள்ளோம். ஆங்கிலச் சுருக்கம் வேண்டுமாயின் அதனை எழுதுவது பதிப்புக் குழுவின் பொறுப்பு. நிறுவனத்தின் பெயர் கேட்கப்படமாட்டாது; கட்டணமும் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளோடு சொற்றொகுதிகள், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள், கணக்குப் புத்தகங்கள், நினைவுக் குறிப்புகள் ஆகியனவும் ‘ஆவணங்கள்’ என்ற பகுதிக்குக் கோரப்படுகின்றன. கையெழுத்துப் பிரதிகள் ஏற்றுக்கொள்ளப்படும். எழுத இயலாதோர் தகவல் அனுப்பினால் மாணவர் இருவர் வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவு செய்வர். கொப்பிகள் பிரதி எடுக்கப்பட்ட பின்னரே உரியவரிடம் திருப்பிக் கையளிக்கப்படும். அழைப்பு வளாகத்து அறிவித்தற் பலகையில் மட்டுமன்றித் துறைமுக வாயிலருகேயும் மீன் சந்தையிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்படும். இறுதித் திகதி குறிக்கப்படவில்லை.