எலியின் பாதமும் முடவாட்டுக்காலும்

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்துக் கொல்லிமலையில் கால் வைப்பவரை முதலில் வரவேற்பது குளிர்காற்று, அடுத்தது முடவாட்டுக்கால் சூப். செம்மேட்டிலும் சோளக்காட்டுச் சந்தையிலும் அறப்பளீசுவரர் கோயில் பக்கமும் முடவாட்டுக்கால் கிழங்கு குவிந்து கிடக்கும். மேலே பழுப்பு நிறத்தில் அடர்ந்த மயிர், பார்த்தால் ஆட்டுக்கால் தோற்றுப்போகும். மயிரைக் கத்தியால் வழித்துத் தோல் சீவி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு இடித்துக் கொதிக்க வைத்தால் சூப் தயார். பெரக்கரை நாடு உள்ளிட்ட பதினான்கு நாடுகளாக வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு இது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும், நன்கு பழகிய ஒரு பெரணி. கீழ்நாட்டிலிருந்து வருபவருக்கோ இது மூட்டுவலி மருந்து. “ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சிருக்காங்க” என்ற பேச்சும் டம்ளரோடு சேர்ந்தே வருகிறது.

ஆராய்ச்சி நடந்திருப்பது உண்மைதான். கேரளத்துப் பாலோட்டிலுள்ள ஜவகர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கிழங்கின் வீக்கம் தணிக்கும் தன்மையைப் பற்றியதுதான். ஆனால் இப்படி நிரூபிக்கப்பட்ட மூலிகைகளில் பெரும்பாலானவை நிரூபிக்கப்பட்டது எலியிடம். அந்த நிரூபணம் எதுவரைக்கும் செல்லும் என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சோதனை எளிமையானது. 1962இல் வின்டரும் அவருடைய கூட்டாளிகளும் வகுத்த முறை இன்றும் மருந்தியல் கல்லூரிகளில் புழங்குகிறது. வெள்ளை எலிகளை ஆறாறாகப் பிரிக்கிறார்கள். ஒரு குழுவுக்கு வெறும் கரைசல், ஒன்றுக்கு இண்டோமெதாசின் போன்ற தெரிந்த மருந்து, மற்றவற்றுக்கு மூலிகைச் சாறு வெவ்வேறு அளவுகளில். பிறகு பின்னங்கால் பாதத்தின் அடியில் காராஜீனன் கரைசலை 0.1 மில்லி ஊசியால் ஏற்றுகிறார்கள். காராஜீனன் கடற்பாசியிலிருந்து எடுப்பது. மண்டபம் கடலோரத்தில் பெண்கள் மிதவை கட்டி வளர்க்கும் பாசியிலிருந்தும் அது கிடைக்கிறது. சிறிது நேரத்தில் பாதம் புசுபுசுவென்று வீங்கும். பாதத்தைத் திரவத்தில் முக்கி எவ்வளவு திரவம் விலகுகிறது என்று மணிக்கொரு தரம் அளப்பார்கள். மூலிகை கொடுத்த எலியின் பாதம் குறைவாக வீங்கினால் சோதனை வெற்றி.

இதை எள்ளி நகையாடுவதற்கு நான் வரவில்லை. பாட்டி சொன்னதும் வைத்தியர் சொன்னதும் விற்பவர் சொன்னதும் ஒரே எடையில் நிற்கிற இடத்தில், மருந்து பெற்றதையும் பெறாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பெரிய முன்னேற்றம். எலி உண்மையில் ஈடுகொடுப்பது நச்சுத்தன்மையில். மூலிகை என்றால் பக்கவிளைவே இல்லை என்று நம்மில் பாதிப்பேர் சத்தியம் செய்வார்கள். ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் நம் ஊர் வைத்தியத்தில் பழகிய பெயர்கள். அவை சேர்ந்த குடும்பச் செடிகளில் அரிஸ்டலோகிக் அமிலம் உண்டு. அது புற்றுநோய் உண்டாக்கும் என்பதை 1980களின் தொடக்கத்தில் எலிகள் காட்டிக்கொடுத்தன. பத்தாண்டு கழித்து பிரஸ்ஸல்ஸில் உடல் இளைப்பதற்காக மூலிகைக் கலவை உண்ட பெண்களின் சிறுநீரகங்கள் வரிசையாகச் செயலிழந்தபோது, குற்றவாளி அதே அமிலம்தான். எலி சொன்னதைக் கேட்டிருந்தால் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள்.

ஆபத்தைச் சொல்லும்போது இவ்வளவு நல்ல சாட்சியாக இருக்கும் எலி, குணத்தைச் சொல்லும்போது தடுமாறுகிறது. முதல் தடுமாற்றம் நோயிலேயே இருக்கிறது. காராஜீனன் வீக்கம் சில மணி நேரத்தில் ஏறி, ஓரிரு நாளில் இறங்கிவிடும். அறுபது வயதுக்காரரின் முழங்கால் தேய்மானமோ பல ஆண்டுகளாகச் சேர்ந்தது. குருத்தெலும்பு கரைந்து, எலும்போடு எலும்பு உரசுகிற சங்கதி. இரண்டும் ஒரே வியாதி அல்ல.

அடுத்தது அளவு. இத்தகைய ஆய்வுகளில் ஒரு கிலோ உடலெடைக்கு 400 மில்லிகிராம் சாறு என்பது சாதாரணமாகக் காணப்படும் அளவு. எலிக்கும் மனிதனுக்கும் உள்ள உடற்பரப்பு வேறுபாட்டைக் கணக்கிட அதை 6.2ஆல் வகுப்பது வழக்கம். அப்படிச் செய்தால் கிலோவுக்குச் சுமார் 65 மில்லிகிராம். அறுபது கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 3.9 கிராம் கெட்டிச் சாறு. நூறு கிராம் உலர்ந்த கிழங்கிலிருந்து பத்து கிராம் சாறு இறங்குவதாக வைத்துக்கொண்டாலும், ஒரு வேளைக்கு நாற்பது கிராம் உலர்கிழங்கு வேண்டும். பச்சைக் கிழங்கென்றால் அதைவிட மிக அதிகம். கடையில் ஒரு துண்டை இடித்து நாலு டம்ளருக்குப் பங்கிடுகிறார்கள். அதோடு, சோதனைக்கான சாற்றை மெத்தனால் போன்ற கரைப்பானில் இறக்குவது சகஜம். கொல்லிமலையில் யாரும் மெத்தனாலில் சூப் வைப்பதில்லை. ஆக, சோதிக்கப்பட்டது வேறு, குடிப்பது வேறு.

எலியைத் தாண்டி மனிதனிடம் போன ஒரு தமிழ்நாட்டு ஆராய்ச்சி நமக்கு இன்னும் நன்றாகப் பாடம் சொல்லும். காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுக்காத ஊர் நம்மிடையே இல்லை. ஹெப்படைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் உள்ளிட்ட குழுவினரும் இந்தச் செடியைச் சோதித்தார்கள். எடுத்துக்கொண்ட பிராணி எலியின் தூரத்துச் சொந்தம்: அணில் குடும்பத்தைச் சேர்ந்த, வளை தோண்டி வாழும் உட்சக் என்ற வட அமெரிக்கக் கொறிணி. ஹெப்படைடிஸ் பி-க்கு நெருங்கிய வைரஸ் ஒன்று அதற்கு இயற்கையாகவே தொற்றுகிறது. பாதத்தில் ஊசி குத்தி நோயைச் செய்ய வேண்டியதில்லை. 1987இல் வெளிவந்த முடிவுப்படி, புதிதாகத் தொற்று கண்ட நான்கு உட்சக்குகளில் மூன்றின் இரத்தத்தில் வைரஸின் அடையாளமே இல்லாமல் போனது. ஆனால் சாறு வயிற்றுக்குள் ஊசி வழியாகச் செலுத்தப்பட்டிருந்தது. மறு ஆண்டு சென்னையில் மனிதர்களிடம் நடந்த சோதனையை லான்செட் இதழ் வெளியிட்டது. மூலிகை மாத்திரை உண்ட 37 பேரில் 22 பேர் வைரஸின் அடையாளத்தை இழந்தார்கள். வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவர்தான்.

அன்றைக்கு இந்தச் செய்தி எவ்வளவு பெருமிதத்தோடு பேசப்பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. 2011இல் எல்லாச் சோதனைகளையும் அலசிய காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, வெற்று மாத்திரையைவிடக் கீழாநெல்லி மேல் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்றது. சென்னைக் குழுவின் மேல் எனக்குக் குறை ஏதுமில்லை. கொறிணியோடு நிற்காமல் மனிதனிடம் போய்க் கேட்டார்கள், உலகமே சரிபார்க்கும்படி வெளியிட்டார்கள். முடவாட்டுக்கால் விஷயத்தில் நாம் எலி என்ற முதல் படியையே இன்னும் ஒழுங்காகத் தாண்டவில்லை. கடைப்பேச்சு மட்டும் உலகமே சரிபார்த்துவிட்ட மூன்றாம் படியில் நிற்கிறது.

எலியின் பக்கமும் ஒரு வார்த்தை. ஆய்வுக்கூட வெள்ளை எலி 1906இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் வளர்க்கத் தொடங்கிய வம்சம். அதன் முன்னோர் பழுப்பு எலி. நம் வீட்டுக் கூரையில் ஓடும் கறுப்பு எலி வேறு இனம். வெள்ளை எலியைத் தொட நெறிக்குழுவின் அனுமதி வேண்டும், கூண்டின் அளவுக்குக்கூட விதி உண்டு. வீட்டு எலிக்கு மஞ்சள் பாஸ்பரஸ் பசையைத் தக்காளியில் தடவி வைத்தால் முன்பு கேட்பாரில்லாமல் இருந்தது. அந்தப் பசை எலிச் சாவைவிட மனிதச் சாவால்தான் அதிகம் பேசப்பட்டது: கல்லீரலைக் கருக்கும் அதற்கு மாற்றுமருந்து கிடையாது, தமிழக அரசு அதற்குத் தடை விதிக்கும் அளவுக்குச் சாவுகள் நேர்ந்தன. எலியால் வாந்தி எடுக்க முடியாது. விஷம் வைப்பவருக்கு அது வசதி. மருந்தைச் சோதிப்பவருக்கு அதுவே குறை, குமட்டல் என்ற பக்கவிளைவை எலி வாந்தியெடுத்துக் காட்டாது.

நெறிக்குழு இருந்தும் எலிகள் வீணாவது குறையவில்லை என்பது என் வருத்தம். ஒரே கிழங்கு, ஒரே வீக்கம், கரைப்பானை மட்டும் மாற்றிப் புதுக் கட்டுரை என்று போனால் ஒவ்வொன்றுக்கும் முப்பது எலிகள் போகும், புதுச் செய்தி ஒன்றும் வராது. ஆண் எலிகளை மட்டும் எடுப்பது இன்னொரு பழக்கம். மூட்டுத் தேய்மானத்தால் அதிகம் அவதிப்படுவதோ பெண்கள்.

லாபம் யாருக்கு என்ற கேள்வியும் உண்டு. பாலோட்டு நிறுவனம் முன்பு அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியைச் சுண்டெலிகளிடம் சோதித்தது. அவை களைப்பில்லாமல் நெடுநேரம் நீந்தின. அதிலிருந்து பிறந்த ஜீவனி மருந்தின் உரிமத்தொகையில் பாதி காணிகளின் அறக்கட்டளைக்குப் போனது. குறைகள் இருந்தாலும், அறிவுக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. கொல்லிமலையில் எலிச்சோதனையின் பெயரால் கிழங்கின் விலை ஏறினால், பாறையிலிருந்து சுரண்டி எடுக்கிறவருக்குச் சில நாள் கூலியும், பிறகு வெறும் பாறையும் மிஞ்சும். கிழங்கை எடுத்துவிட்டால் செடியே போயிற்று.

நாமக்கல், திருச்செங்கோடு, குமாரபாளையம் வட்டாரத்தில் மருந்தியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. மலையில் வைக்கும் அதே சூப்பை, அதே பக்குவத்தில், தொண்ணூறு நாள் எலிகளுக்குக் கொடுத்துச் சிறுநீரகமும் கல்லீரலும் தாங்குகின்றனவா என்று பாருங்கள். எலி உண்மையாகப் பதில் சொல்லும் கேள்வி அதுதான். அது தேறினால், முழங்கால் வலிக்காரர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கிழங்கில்லாத மிளகு சூப்பைக் கொடுத்து ஒப்பிடுங்கள். அதுவரை மலைக்குப் போகிறவர்கள் குளிருக்கு இதமாக ஒரு டம்ளர் தாராளமாகக் குடிக்கலாம். முழங்காலுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை மட்டும் அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.