எழுவாயாகும் பிள்ளைகள்

குழந்தைகளைப் பற்றிய படம் என்றால் நம் பார்வையாளர்கள் அழத் தயாராகவே வந்து உட்காருகிறார்கள். பஹ்மன் கோபாதியின் 'போதையேறிய குதிரைகளின் காலம்' (2000) முடிந்து விளக்கைப் போட்டதும் காதில் விழுகிற முதல் சொல் 'பாவம்'. அடுத்தது, 'குழந்தைப் பருவமே பறிபோச்சு'. பறித்தது யார் என்று கேட்பாரில்லை. இந்த அனுதாபம் படத்தின் அரசியலைத் துடைத்தெறிந்துவிடுகிறது என்பதுதான் என் புகார்.

கோபாதி 1969இல் ஈரானிலுள்ள குர்து ஊரான பானேயில் பிறந்தவர். படத்தின் மொழி குர்து. நடித்தவர்கள் அந்த எல்லைக் கிராமத்துப் பிள்ளைகள். தாய் பிரசவத்தில் போய்விட்டாள், கடத்தல் வழியில் தகப்பனைக் கண்ணிவெடி கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவை ஐந்து பிள்ளைகள். அதில் மாதி வளர்ச்சி நின்றுபோன நோயாளி. அறுவை சிகிச்சை இல்லாவிட்டால் சீக்கிரமே இறந்துவிடுவான். பன்னிரண்டு வயது அயூப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சுமை தூக்கப் போகிறான்.

குழந்தை உரிமைச் சொல்லாடலை இலக்கணமாக வாசித்துப் பாருங்கள். குழந்தை சுரண்டப்படும், மீட்கப்படும், பாதுகாக்கப்படும், எல்லாம் செயப்பாட்டுவினை. கோபாதியின் பிள்ளைகளோ எழுவாய்கள். மாதிக்கு ஊசி போட ஏற்பாடு செய்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள், வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்களிடம் முண்டியடிக்கிறார்கள், பணத்துக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். அதே வருடம் வந்த சமீரா மக்மல்பஃபின் 'கரும்பலகைகள்' படத்திலும் கடத்தல் சுமையோடு மலையேறும் குர்துப் பிள்ளைகள் உண்டு. ஆனால் அங்கே முதுகில் பலகையைச் சுமந்து வரும் வாத்தியாரின் பின்னால்தான் நாம் மலையேறுகிறோம். (அந்த வாத்தியார்களில் ஒருவராக நடித்ததும் கோபாதியேதான்.) இங்கே அப்படி இடையில் நிற்க ஆளில்லை.

இந்தப் பொறுப்பை 'பழங்குடிப் பண்பாடு', 'கூட்டுக் குடும்ப மரபு' என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. குர்து நிலம் ஈரான், ஈராக், துருக்கி, சிரியா என்று நாலாகக் கிடக்கிறது. இரண்டு மலைச்சரிவுகளுக்கு நடுவில் அரசுகள் கோடு போட்ட பிறகு, பக்கத்து ஊருக்குச் சரக்குக் கொண்டுபோவது குற்றமாகிவிட்டது. 1980இலிருந்து 88 வரை நடந்த ஈரான் - ஈராக் போர் அந்த வழியெங்கும் வெடியைப் புதைத்துவிட்டுப் போனது. பிள்ளைகள் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவருவது என்ன தெரியுமா? பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். காவலர்கள் அதையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். படிப்பா குடும்ப பாரமா என்று பட்டிமன்றம் வைப்பவர்கள் இந்தக் காட்சியில் கொஞ்சம் நிற்கலாம். தங்கை அமனே படிப்பதற்காகத்தான் அண்ணன் படிப்பை விட்டிருக்கிறான். அவளுக்கு நோட்டு வாங்கி வருகிறவனும் அவனே.

தலைப்புக்கு வருவோம். திரையில் இருப்பவை குதிரைகள் அல்ல, கோவேறு கழுதைகள். குளிர் தாங்கட்டும் என்று தண்ணீரில் சாராயம் கலந்து ஊற்றுகிறார்கள். பதுங்கியிருந்தவர்கள் சுடும்போது அவை போதையில் எழ முடியாமல் பாரத்தோடு கிடக்கின்றன. பாசம் என்ற சாராயத்தைக் குடித்துப் பாரம் இழுக்கும் பிராணிகளே இப்பிள்ளைகள் என்று உருவகம் வாசிப்பது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அயூப் தெளிவாகத்தான் இருக்கிறான். பணம் எவ்வளவு, எங்கே கிடைக்கும், மாதிக்கு இன்னும் எத்தனை நாள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. தெளிவோடு சுமக்கிறான் என்பதுதான் நமக்குத் தாங்க முடியாத விஷயம்.

ஆனால் படத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. மூத்தவள் ரோஜின். அவளைத் தாண்டிக் குடும்பத் தலைமை பன்னிரண்டு வயதுப் பையன் தோளில் விழுகிறது. ஏன் என்று படம் கேட்கவில்லை. தம்பியின் சிகிச்சையை ஈராக்கில் பார்த்துக்கொள்வோம் என்று மாப்பிள்ளை வீடு சொன்னதற்காக ரோஜின் கல்யாணத்துக்குத் தலையாட்டுகிறாள். எல்லையில் மாமியார் மாதியை ஏற்க மறுத்து, பதிலுக்கு ஒரு கோவேறு கழுதையைக் கொடுத்து அனுப்புகிறாள். பையன் உழைப்பை விற்கிறான், பெண் தன்னையே கொடுக்கிறாள். விலை அந்தக் கழுதை. அதன்பிறகு கேமரா கழுதையின் பின்னால் போய்விடுகிறது. அதை விற்று வைத்தியம் பார்க்க மாதியைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் அயூப், கடைசியில் முள்கம்பியைத் தாண்டுவது வரைக்கும் காட்டுகிறார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் வாழப்போன ரோஜினுக்கு ஒரு ஷாட்கூட இல்லை. கிராமத்து ஆண்களின் மௌனத்தைத் திரைக்கதையும் அப்படியே எடுத்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

படத்துக்கு 2000 கான் விழாவில் 'தங்கக் கேமரா' விருதில் பங்கு கிடைத்தது. 'மானுட மேன்மை' என்று எழுதிக் குவித்தார்கள்; அந்த மேன்மைக்குள் குர்து என்ற சொல் எங்கேயோ அமுங்கிப்போனது. பாதை மட்டும் அப்படியே இருக்கிறது. தோளில் சுமப்பவர் என்ற பொருளில் 'கோல்பர்' என்று அங்கே சொல்கிறார்கள். எல்லைக் காவலர்களின் குண்டுக்கும் பனிக்கும் நடுவில் அவர்கள் போய் வருகிறார்கள். 2019 டிசம்பரில் மரிவான் பக்கத்து மலையில் பனியில் உறைந்து செத்த கோல்பர்களில் அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். இருவருமே பதின்வயதினர்.