எட்டுப் புகைப்படங்களிலிருந்து எழுந்த இயந்திரம்

அருங்காட்சியகத்தில் ஒரு பழைய இயந்திரத்தை வைக்க இரண்டு வழி உண்டு. துடைத்து மெருகேற்றி, சுற்றிலும் கயிறு கட்டி, பக்கத்தில் பெயர்ப்பலகை வைப்பது ஒரு வழி. அதை ஓடவிடுவது இன்னொரு வழி. முதல் வழியில் யாருக்கும் தொந்தரவு இல்லை. இரண்டாம் வழியில் எப்போதும் ஏதாவது ஒன்று எரிந்துபோகும், அறுந்துபோகும். சரிசெய்யத் தெரிந்த ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். டோனி சேல் இரண்டாம் வழிக்காரர். பிரிட்டிஷ் விமானப்படையில் ரேடார் கற்றுக்கொடுத்தவர். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் சம்பளம் வாங்காமல் உழைத்து, பூமியில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அழிக்கப்பட்ட ஓர் இயந்திரத்தை ஓடும் நிலையில் திரும்பக் கொண்டுவந்தவர். 2011 ஆகஸ்ட் 28 அன்று, 80 வயதில் மறைந்தார். இப்படிப்பட்டவரை நினைவுகூர வேண்டுமென்றால் குணநலன்களை அடுக்குவதைவிட அவர் கைவேலையைக் கிட்டப் போய்ப் பார்ப்பதே முறை.

அந்த இயந்திரத்தின் பெயர் கொலோசஸ். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ராணுவத் தலைமை தன் தளபதிகளுக்கு அனுப்பிய டெலிபிரிண்டர் செய்திகளை ‘லோரன்ஸ்’ என்ற கருவி ரகசியக் குறிகளாக மாற்றியது. ஜெர்மானியரின் இன்னொரு குறியாக்கக் கருவியான எனிக்மாவைவிடச் சிக்கலானது அது. 12 சக்கரங்கள், அவற்றில் மொத்தம் 501 ஊசிகள், ஒவ்வோர் ஊசியையும் ஏற்றியோ இறக்கியோ வைக்கலாம். போர் முடியும் தறுவாய்வரை, பிரிட்டனின் குறியுடைப்பு மையமாக இருந்த பிளெட்ச்லி பார்க்கில் யாரும் அந்தக் கருவியைக் கண்ணால் பார்த்ததில்லை. 1941 ஆகஸ்ட் 30 அன்று ஒரு ஜெர்மன் ஆபரேட்டர் ஏறத்தாழ 4,000 எழுத்துகள் கொண்ட ஒரே செய்தியை, சக்கரங்களை அதே நிலையில் வைத்து, சில சொற்களை மட்டும் சுருக்கி, இரண்டாம் முறை அனுப்பிவிட்டார். அந்தச் சோம்பல் போதுமானதாக இருந்தது. பிளெட்ச்லியில் இருந்த ஜான் டில்ட்மன் இரண்டு செய்திகளையும் பிரித்தெடுத்தார். மிஞ்சிய குறிவரிசையை மட்டும் வைத்துக்கொண்டு, பில் டட் என்ற இளம் கணிதர் காணாத கருவியின் உள்ளமைப்பு முழுவதையும் கணித்துச் சொன்னார்.

கருவி எப்படிப்பட்டது என்று தெரிந்தாலும், அன்றாடம் மாறும் சக்கர நிலைகளைக் கையால் கண்டுபிடிக்க வாரக்கணக்காகும். அதற்காக லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த தபால்துறை ஆய்வுக்கூடத்துப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் கட்டியதுதான் கொலோசஸ். சுமார் 1,600 வால்வுகள். இத்தனை வால்வுகளை ஒரே கருவியில் போட்டால் எந்நேரமும் ஒன்று போய்க்கொண்டே இருக்கும் என்று அறிந்தவர்கள் பலர் தலையசைத்தார்கள். வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும். ஃபிளவர்ஸுக்கோ தொலைபேசி வேலையில் கிடைத்த ஓர் அனுபவ அறிவு இருந்தது: வால்வு பெரும்பாலும் சாவது சுவிட்ச் போடும் கணத்தில், அணைக்காமலே விட்டுவிட்டால் நெடுங்காலம் உழைக்கும். முதல் கொலோசஸ் 1944 பிப்ரவரியில் வேலையைத் தொடங்கியது. சுமார் 2,400 வால்வுகள் கொண்ட இரண்டாம் வகை, நார்மண்டி தரையிறக்கத்துக்கு ஐந்து நாள் முன்னதாக, ஜூன் 1 அன்று ஓடியது. போர் முடியும்போது பத்து இயந்திரங்கள் இருந்தன.

பிறகு அவற்றை இல்லாமல் செய்தார்கள். எட்டு இயந்திரங்கள் பிரித்துப் போடப்பட்டன. மற்ற இரண்டும் உளவுத்துறையிடம் போய், 1960 வாக்கில் அவையும் காணாமல் போயின. மேலிடத்து உத்தரவின்படி வரைபடங்களை ஃபிளவர்ஸே டாலிஸ் ஹில் உலையில் போட்டு எரித்தார். 1970-கள்வரை அப்படி ஓர் இயந்திரம் இருந்ததையே வெளியே சொல்லக்கூடாது.

சேல் இதற்குள் வந்து சேர்ந்த பாதை விசித்திரமானது. பின்னால் பார்த்தால், ஒவ்வொரு படியும் இதற்கான பயிற்சியாகவே தெரிகிறது. பள்ளிப் பருவத்திலேயே மெக்கானோ துண்டுகளால் ஒரு ரோபோவைச் செய்து அதற்கு ஜார்ஜ் என்று பெயர் வைத்தார். 1949-இல், நொறுங்கிய வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தின் உலோகத்தைக் கொண்டு ஆளுயர ஜார்ஜைக் கட்டினார்; செலவு சுமார் 15 பவுண்டு. விமானப்படையில் அதிகாரிகளுக்கு ரேடார் பாடம். பிறகு மார்கோனி ஆய்வுக்கூடம். அங்கிருந்து எம்.ஐ.5 உளவுத்துறையில் பீட்டர் ரைட் என்பவரோடு ஆறு ஆண்டுகள். 1989-இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பழைய கணினிகளை மீட்கும் பணி; அதே காலத்தில் டோரன் ஸ்வேட் என்பவரோடு சேர்ந்து கணினிப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பிளெட்ச்லி பார்க்கை இடித்து வீடுகள் கட்டும் பேச்சு எழுந்தபோது அதைத் தடுக்கப் புறப்பட்டவர்களில் அவரும் மனைவி மார்கரெட்டும் இருந்தார்கள். 1992-இல் அங்கே அறக்கட்டளை உருவானது. சேல் அதன் ஊதியமில்லாச் செயலர் ஆனார்.

1993-இல் கொலோசஸைத் திரும்பக் கட்டுவது என்று இறங்கியபோது பணம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. கணவனும் மனைவியும் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டுத் தொடங்கினார்கள். கையில் இருந்தவை 1945-இல் எடுத்த எட்டுப் புகைப்படங்கள். அத்தோடு, பழைய பொறியாளர்கள் சிலர் விதியை மீறி ஒளித்துவைத்திருந்த மின்சுற்றுப் படத் துண்டுகள். அவ்வளவுதான்.

சேலின் கலை இங்கேதான் தொடங்குகிறது. முதலாவது, புகைப்படம். அது பொய் சொல்லாது. ஆனால் கோணல் பார்வையில் சொல்லும். அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளியிருப்பது சிறிதாகவும் தெரியும். ஒரு சட்டத்தின் உண்மையான உயரத்தை அதிலிருந்து நேரடியாக எடுக்க முடியாது. சேலுக்குக் கைகொடுத்தது ஃபிளவர்ஸின் பழக்கம்தான். அவர் தபால்துறைக்காரர், கொலோசஸைத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளில் வழக்கமாக இருந்த சட்டங்களிலேயே நிறுத்தியிருந்தார். அந்தச் சட்டத்தின் அளவு தெரியும். வால்வு பொருந்தும் குழிக்கும் அளவு தெரியும். தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாததற்கு நகர்ந்து, வீட்டில் கணினி முன் உட்கார்ந்து, முப்பரிமாண வரைவில் புகைப்படத்தின் கோணலை நிமிர்த்தி, ஒவ்வொரு பலகைக்கும் மாதக்கணக்கில் வரைபடம் போட்டார். பில் டட் செய்த அதே காரியம் இது. காணாத ஜெர்மன் கருவியை அதன் எழுத்துகளிலிருந்து அவர் கணித்தார். காணாமல் போன ஆங்கிலேய இயந்திரத்தை அதன் நிழல்களிலிருந்து இவர் கணித்தார். ஒரே இயந்திரத்தின் கதையில் இந்த நுட்பம் இரண்டு முறை வருகிறது.

இரண்டாவது, பொருள். அன்றைய வால்வுக்குப் பதில் இன்றைய சில்லு ஒன்றை உள்ளே ஒளித்துவைத்து, வெளியே மட்டும் பழைய தோற்றம் காட்டியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். சேல் அதற்கு இணங்கவில்லை. காலமும் அவருக்கு ஒத்துழைத்தது. பிரிட்டன் முழுவதும் பழைய எக்ஸ்சேஞ்சுகளைக் கழற்றி டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. ஃபிளவர்ஸ் எந்தக் குடும்பத்து ரிலேக்களையும் சுவிட்சுகளையும் பயன்படுத்தினாரோ, அவை குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தன. குப்பைக்குப் போனதெல்லாம் பிளெட்ச்லிக்கு வந்தது.

மூன்றாவது, மனிதர்கள். காகித நாடாவை ஒளியால் படிக்கும் பகுதிக்கு வரைபடமே இல்லை. அதை முதலில் வடிவமைத்த ஆர்னால்ட் லிஞ்ச் உயிரோடு இருந்தார். 80 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். சேல் அவரைத் தேடிப்போய், அவருடைய பழைய வடிவத்தை அவரையே மறுபடி வரைய வைத்தார். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டு ஐம்பதாண்டு வாய்திறக்காத ஒரு தலைமுறையோடு பேச சேலின் எம்.ஐ.5 பின்னணி உதவியிருக்க வேண்டும்.

அந்த நாடாப் பகுதியில் சற்று நிற்கலாம். கொலோசஸின் அழகு அங்கேதான் இருக்கிறது. கட்டில் போலத் தெரியும் இரும்புச் சட்டம். அந்தக் காலத்திலும் அதைக் கட்டில் என்றே சொன்னார்கள். அதில் வரிசையாகக் கப்பிகள். இடைமறித்த செய்தியைத் துளைகளாகப் பதித்த காகித நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, கப்பிகள் மேல் ஓடவிடுகிறார்கள். நொடிக்கு 5,000 எழுத்துகள். நாடாவின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர். நொடிக்கு 9,700 வரை ஓட்டிப் பார்த்தபோது காகிதம் கிழிந்து பறந்தது. அதனால்தான் 5,000 என்று நிறுத்தினார்கள். இதற்கு முந்திய இயந்திரத்தில் இரண்டு நாடாக்கள் இணைந்து ஓட வேண்டும்; பல்சக்கரம் நாடாவைக் கிழித்தது, ஒன்று நீண்டது, ஒன்று பின்தங்கியது. ஃபிளவர்ஸ் இரண்டாம் நாடாவையே எடுத்துவிட்டார். அதில் இருக்க வேண்டிய சக்கரக் குறிகளை வால்வுகளே உண்டாக்கித் தரும்படி செய்தார்.

அதைவிட நயமான காரியம் ஒன்று உண்டு. நாடாவின் நடுவில் ஓடும் சிறு வழிகாட்டித் துளைகள் ஒளியை வெட்டும்போது எழும் துடிப்பையே முழு இயந்திரத்துக்கும் கடிகாரமாக்கினார். பாடுகிறவரே தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பாட, மிருதங்கம் அந்தக் கையைப் பார்த்து வாசிப்பது போல: நாடா சற்று வேகம் கூடினாலும் குறைந்தாலும் வால்வுகள் கூடவே வரும், தாளம் தப்பாது. நேரத்தைத் தனியே வைத்திருக்கும் கருவியாக இருந்தால் நாடாவின் ஒவ்வொரு தடுமாற்றமும் பிழையாகியிருக்கும். புகைப்படத்தைப் பார்த்து இதை ரசிக்க முடியாது. நாடா ஓட வேண்டும், கப்பிகள் இரைய வேண்டும், சட்டங்களில் சிறு விளக்குகள் மினுங்க வேண்டும், வால்வுகளின் வெக்கை முகத்தில் படவேண்டும். அப்போதுதான் ஃபிளவர்ஸ் எவ்வளவு பெரிய பொறியாளர் என்பது பார்ப்பவருக்கு உறைக்கிறது. ஓடவிடவேண்டும் என்ற சேலின் பிடிவாதத்துக்குப் பின்னால் இருந்த ரசனை இதுதான் என்று நினைக்கிறேன்.

1996 ஜூன் 6 அன்று, அடிப்படை நிலையில் ஓடிய இயந்திரத்தைக் கென்ட் கோமகன் இயக்கிவைத்தார். 90 வயது டாமி ஃபிளவர்ஸ் அங்கே இருந்தார். தம் கையால் எரித்த வரைபடங்களின் இயந்திரம் மறுபடி ஓடுவதை அவர் பார்த்தார். இரண்டாண்டு கழித்து மறைந்தார். சேல் செய்த காரியங்களில் நேரம் தவறாமல் செய்தது என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் அங்கே வேலை முடியவில்லை. விழா நடந்துவிட்டது, பத்திரிகைகள் எழுதிவிட்டன. மற்றொருவராக இருந்தால் ஓய்ந்திருப்பார். அந்தக் காலத்தில் அமெரிக்கா வெளியிட்ட ஆவணங்களில், போர்க்காலத்தில் பிளெட்ச்லியில் இருந்த ஆல்பர்ட் ஸ்மால் எழுதிய அறிக்கை கிடைத்தது. 2000-இல் பிரிட்டனே தன் விரிவான உள்ளறிக்கையை வெளியிட்டது. புதுத் தகவல் வர வர, சேலும் உடன் உழைத்த தன்னார்வலர்களும் கட்டியதைத் திருத்தி, இல்லாததைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 2004-இல் இயந்திரம் இரண்டாம் வகையின் நிலையை எட்டியது. தொடங்கிய பதினான்காம் ஆண்டில், 2007 நவம்பரில், அதை உண்மையான சோதனைக்கு நிறுத்தினார் சேல். ஜெர்மனியின் பாடர்போர்னில் இருந்து லோரன்ஸ் குறியாக்கிய செய்திகள் வானொலியில் அனுப்பப்பட்டன. உலகில் யார் வேண்டுமானாலும் உடைக்கலாம். பான் நகரத்து யோவாகிம் ஷ்யூட் தாமே எழுதிய நிரலைக் கொண்டு மடிக்கணினியில் 46 நொடியில் சக்கர நிலைகளைப் பிடித்துவிட்டார். கொலோசஸ் எடுத்துக்கொண்டது 3 மணி 35 நிமிடம்.

தோல்விதான். ஆனால் அந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு கணக்கு வருகிறது. அறுபது ஆண்டுக்கும் மேலான இடைவெளியில், நூறுகோடி மடங்கு வளர்ந்துவிட்டதாக நாம் பெருமையடிக்கும் ஒரு துறையில், இந்த வேலைக்கு மடிக்கணினி சில நூறு மடங்குதான் வேகம். வென்ற ஷ்யூட்டே 1944-இன் இயந்திரத்தை வாயாரப் புகழ்ந்தார். கண்ணாடிக்குள் நின்றிருந்தால் கொலோசஸ் தோற்றிருக்காது. அதன் தரமும் வெளிப்பட்டிருக்காது.

இது அசலா, நகலா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. போர்க்காலத்துச் சட்டம் ஒன்றுகூட இதில் இல்லை என்றால் நகல் என்றே சொல்ல வேண்டும். ஆனால் நகல்களிலும் தரம் உண்டு. வடிவத்தை மட்டும் பார்த்துச் செய்த நகல், பார்ப்பவரின் வியப்போடு நின்றுவிடும். ஒவ்வொரு வால்வும் அங்கே ஏன் இருக்கிறது என்று முதல்வனைப் போலவே யோசித்துக் கட்டிய நகல், முதல்வனின் மனத்தை நமக்குக் காட்டும். சேலுடையது இரண்டாம் வகை. அதில் அவர் தம் சாமர்த்தியத்தைத் துருத்திக்கொண்டு நிற்கவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாம் இன்னும் நன்றாகச் செய்திருக்கக்கூடிய இடங்களிலும் 1944-இல் எப்படி இருந்ததோ அப்படியே விட்டார். கைத்தொழிலில் இது கடினமான அடக்கம்.

இறப்பதற்கு முந்தைய ஆண்டில், 45 ஆண்டு கொட்டகையில் நின்ற ஜார்ஜை வெளியே எடுத்தார் சேல். மூட்டுகளில் எண்ணெய் விட்டு, புது பேட்டரி போட்டார். ஜார்ஜ் நடந்தது. விமானத் துண்டால் செய்த அந்த ரோபோவும் கொலோசஸும் இன்று பிளெட்ச்லியில் தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போர்க்காலத்தில் ஒன்பதாம் கொலோசஸ் நின்ற அதே கட்டடத்தில்தான் சேலின் கொலோசஸும் நிற்கிறது.

பழைய கணினிகளைப் பாதுகாப்பதற்காக அவர் பெயரால் 2012-இல் ஒரு விருதைத் தொடங்கினார்கள். நல்லதுதான். ஆனால் அவர் விட்டுப்போனதில் மதிப்புள்ளது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. ஓடும் இயந்திரத்தைத் தனியே விட முடியாது. நாடாவை ஒட்டத் தெரிந்தவர், எந்த வால்வு போயிற்று என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர், அதைப் பார்வையாளருக்கு விளங்கச் சொல்லத் தெரிந்தவர் என்று ஒரு கூட்டம் எப்போதும் தேவை. அந்தக் கூட்டத்தை அவர் கூடவே வேலை செய்து உருவாக்கினார். அதனால்தான் அவர் போன பின்னும் கட்டில் மேல் நாடா சுற்றுகிறது. 1945-க்குப் பிறகு நடந்தது போல இன்னொரு முறை இயந்திரத்தை நொறுக்கி, காகிதத்தை எரித்தாலும், இந்த முறை அதைத் திரும்பக் கட்ட எட்டுப் புகைப்படங்களை நம்பியிருக்க வேண்டியதில்லை. எப்படிக் கட்டுவது என்று தெரிந்த கைகள் இருக்கின்றன.