முன்சீப் வேதநாயகரின் அன்பு நெறி

தமிழில் கிறித்தவ இலக்கியம் என்றவுடன் கற்றோர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவன வீரமாமுனிவரின் தேம்பாவணியும் கிருட்டிண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமுமே ஆகும். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையை அவ்வரிசையில் வைத்து எண்ணுவோர் மிகச் சிலர். தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்ற பட்டத்தைச் சூட்டி, அவரை வேறோர் அறையில் அமர்த்தி விட்டனர் நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் ஒரு மதிப்பெண் வினாவாகவே அறிமுகம் ஆகிறார். போதாக்குறைக்கு, பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரையும் இவரையும் ஒருவரே எனக் கருதி மேடையில் பேசுவாரும் உளர். சாஸ்திரியார் 1774-இல் பிறந்த சீர்திருத்தச் சபையினர். முன்சீப்போ 1826-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். பெயர் ஒன்றாயினும் நெறியும் நடையும் வேறு.

நம் சங்கத்தின் இலக்கியக் கூட்டம் ஒன்றில் இவரைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, அன்பர் ஒருவர் ஒரு வினா விடுத்தார். "கிறித்துவின் பெயரே வாராத கீர்த்தனைகளைப் பாடியவரை எங்ஙனம் கிறித்தவப் புலவர் என்பது? அவர் அறநூற் புலவர், அவ்வளவே" என்றார். அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. வீடு திரும்பிய பின்னரும் அவ்வினா நம்மை விடவில்லை. அவருடைய நூல்களை மீண்டும் எடுத்துப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் அவர் செய்த தொழிலை நோக்க வேண்டும். வேதநாயகர் துறவியல்லர், மடத்திலோ குருகுலத்திலோ வாழ்ந்தவருமல்லர். நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காக்கும் பணியில் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, பின் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக அமர்ந்தவர். காலை முதல் மாலை வரை வழக்கும் வாய்தாவும், பொய்ச்சான்றும் கண்ணீரும் அவர் முன் வந்து நின்றன. அன்னார் எழுதிய ஒவ்வொன்றிலும் அக்கச்சேரியின் காற்று வீசுகிறது. 1859-இல் அவர் வெளியிட்ட நீதிநூல் கடவுள் உண்டு என்று நிறுவுவதிலும் அவரை வாழ்த்துவதிலும் தொடங்குகிறது. ஆயின் அங்கேயே தங்கிவிடவில்லை. பெற்றோர், ஆசிரியர், கணவன் மனைவி, அரசு, பொய், களவு, கைக்கூலி என்று நேரே வீட்டுக்குள்ளும் வீதிக்குள்ளும் கச்சேரிக்குள்ளும் புகுந்து விடுகிறது. கடவுளைப் பற்றிய அதிகாரத்துக்கும் கைக்கூலியைப் பற்றிய அதிகாரத்துக்கும் இடையே அவர் சுவர் எதுவும் எழுப்பவில்லை. இதுவே அவருடைய சமயம் என்பது நம் கருத்து.

கண்ணால் காணும் சகோதரனிடத்தில் அன்பு வையாதவன் காணாத கடவுளிடத்தில் அன்பு வைத்திருப்பதாகக் கூறுவது பொய் என்று யோவானின் முதல் நிருபம் பேசுகிறது. இறையன்பு, பிறரன்பு என இரண்டாகக் கூறப்படுவதை ஒன்றாகக் காணும் பார்வை அது. தமிழர்க்கு இது புதிதுமன்று. வள்ளுவர் அன்புடைமையைத் துறவறவியலில் வையாமல் இல்லறவியலில், மக்கட்பேற்றுக்கும் விருந்தோம்பலுக்கும் நடுவே வைத்தாரன்றோ? வேதநாயகர் இவ்விரு மரபுகளையும் ஒருங்கே பெற்றவர். விவிலியத்தைத் தமிழ் இல்லத்தின் திண்ணையிலே அமர்ந்து படித்தவர் என அவரைக் கூறலாம்.

நீதிநூற் செய்யுட்களின் கவிதைத் தரத்தை உயர்த்திப் பேச நாம் முன்வரவில்லை. பல பாடல்கள் யாப்பில் அடைத்த அறிவுரைகளே. உவமைகள் தெளிவானவை, ஆழமானவை அல்ல. தேம்பாவணியின் சொல்வளத்தை எதிர்பார்த்து இந்நூலைத் திறப்பவர் ஏமாற்றமே அடைவர். ஆயினும் கைக்கூலியைச் சாடுமிடத்தில் மட்டும் அவர் குரல் சூடேறுகிறது. அங்கே ஆசிரியர் பேசவில்லை. அன்றாடம் அதனைத் தம் அலுவலகத்தில் கண்டவர் பேசுகிறார்.

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் ஒரு சொல் கூறாது செல்வது நேர்மையாகாது. நாமும் மத்திய அரசின் ஓர் அலுவலகத்தில் எழுத்தராய் இருப்பவர். கைக்கூலி வாங்கியதில்லை என்று நம்மை நாமே மெச்சிக்கொண்டிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்காலத்தில், கணவரை இழந்த அம்மையார் ஒருவரின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு நம் மேசைக்கு வந்தது. அதில் ஒரு சான்றிதழ் குறைந்தது. ஓர் அஞ்சலட்டை எழுதியிருந்தால் அவர் அனுப்பியிருப்பார். அவ்வட்டையை நாம் எழுதவில்லை. கோப்பு ஏழு வாரம் அடுக்கின் அடியில் கிடந்தது. அவ்வேழு வாரங்களிலும் வெள்ளிதோறும் தவறாது அலுவலகத்திலிருந்து முன்னதாகப் புறப்பட்டுச் சிலுவைப் பாதை வழிபாட்டுக்குச் சென்றோம்! அம்மையார் தம் சிறு மகனுடன் நேரில் வந்து, நின்றபடியே, "ஐயா, ஏதேனும் குறையா?" என்று தெலுங்கில் கேட்டபோதுதான் கோப்பைத் தேடி எடுத்தோம். அவர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன் பின்னர் நீதிநூலைப் படிக்கும்போது, கைக்கூலி என்னும் அதிகாரம் நம்மை விலக்கி வைத்துப் பேசுவதாக நமக்குத் தோன்றுவதில்லை.

வேதநாயகர் தம் அலுவலில் இதற்கு நேர்மாறாக நடந்தார் என்பதற்கு ஒரு நூலே சான்று. 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் வெளிவந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரால் வெளியிட்டார் அவர். ஆங்கிலம் அறியாத குடிமகன் தன்னை ஆளும் சட்டம் யாதெனத் தானே அறிய வேண்டும் என்ற பரிவு இல்லாதவன் இத்தகைய சுவையற்ற உழைப்பில் இறங்கமாட்டான். இலக்கியப் பட்டியலில் இந்நூலுக்கு இடமில்லை. அன்பின் பட்டியலில் நீதிநூலைவிட இதற்கே முதலிடம் தருவோம்.

இனி, 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்துக்கு வருவோம். கதை மாந்தருள் தலையாயோரை முழுக்க நல்லோராகவே படைத்ததற்கு ஆங்கில அறிஞர் ஜான்சனின் கருத்தை முன்னுரையில் துணைக்கு அழைக்கிறார் ஆசிரியர். இது நூலின் பலமன்று, குறையே. ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு, காணாமற்போன கணவனைத் தேடிச் செல்கிறாள்; யானை மாலை சூட்ட விக்கிரமபுரிக்கு அரசாகிறாள்; செங்கோல் வழுவாது ஆள்கிறாள். வழக்காடுவோர்க்கு விளங்காத ஆங்கிலத்தில் வாதிடும் வழக்கறிஞர்களைப் பற்றியும், நீதிமன்றத்தில் தமிழ் வழங்க வேண்டியதைப் பற்றியும் இந்நாவல் கூறுவன இன்றும் படிக்கத்தக்கன. ஆனால் அவளுடைய நற்செயல்கள் எவற்றுக்கும் அவள் விலை கொடுப்பதில்லை. தீமை செய்ய ஒரு கணமேனும் அவள் ஆசைப்பட்டாளில்லை. நன்மை செய்யத் தயங்கினாளுமில்லை. எனவே அவளை வியக்கிறோம். அவளோடு சேர்ந்து வருந்த நம்மால் இயலவில்லை. பிறரன்பு என்பது எளிதில் கைகூடும் நல்லியல்பு என்ற எண்ணத்தை இது படிப்பவர் உள்ளத்தில் விதைக்கிறது. அது அத்துணை எளிதன்று என்பதை நம் கோப்பு அறியும்.

எனினும் இக்கதையின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. அதனைக் காண இரட்சணிய யாத்திரிகத்தை அருகில் வைத்து நோக்குதல் நலம். கிருட்டிண பிள்ளை 1827-இல் பிறந்தவர். முன்சீப்புக்கு ஓர் ஆண்டு இளையவர். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவி அவர் பாடிய காப்பியம் 1894-இல் வெளிவந்தது. உள்ளம் உருகும் பாடல்கள் அதில் நிறைய உண்டு. கவிதை என்ற அளவில் வேதநாயகர் அவர் அருகே நிற்க முடியாது. ஆயின் பனியன் கூறிய கதையின் தொடக்கத்தை நினைவுகூர்க. பாவச்சுமையை உணர்ந்தவன், மனைவியும் மக்களும் அழைக்க அழைக்கக் காதுகளைப் பொத்திக்கொண்டு, வீட்டைவிட்டு ஓடுகிறான். மீட்பின் வழி ஊரைவிட்டு வெளியே செல்கிறது. பனியனுக்கே இது உறுத்தியது போலும். 1684-இல் இரண்டாம் பாகம் எழுதி, மனைவி மக்களையும் அதே வழியில் நடத்திச் சென்றார்.

வேதநாயகரிடத்தில் வழி எதிர்த்திசையில் செல்கிறது. மனைவி கணவனைத் தேடி வருகிறாள். தேடிவரும் வழியில், தனக்கு யாதொரு தொடர்பும் இல்லாத ஓர் ஊருக்கு நீதி கிடைக்கிறது. ஒருவனிடம் வைத்த அன்பு பெருகிப் பலருக்குப் பயன்படுகிறது. இறுதியில் குடும்பம் மீண்டும் ஒன்று சேர்கிறது. தன் ஒருவனின் ஆன்மாவை மட்டும் காத்துக்கொள்ளும் எண்ணம் இக்கதையில் எவருக்கும் இல்லை. பயணம் செய்பவரின் கண்ணீரைக் கிருட்டிண பிள்ளை பாடினார். வழியில் கிடப்பவரின் கண்ணீரை வேதநாயகர் கணக்கில் எடுத்தார். லூக்கா கூறும் சமாரியன் கதையிலும் குருவும் லேவியனும் தத்தம் வழியே விலகிச் சென்றவர்கள்தாமே.

நாவல் தரத் தவறிய வலியை வாழ்க்கை அவருக்குத் தந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கானோர் பட்டினியாலும் நோயாலும் மடிந்தனர். அப்போது வேதநாயகர் மாயூரத்தில் தம் பொருளைக் கொடுத்துக் கஞ்சி வார்த்தார். பிறரையும் கொடுக்கத் தூண்டினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், சிவபத்தியில் தோய்ந்தவர், இக்கத்தோலிக்கரைப் புகழ்ந்து கீர்த்தனை செய்தார். அக்காலத்துப் பஞ்சம் பற்றி வேதநாயகர் பாடிய கீர்த்தனைகள் 1878-இல் வெளியான சர்வ சமய சமரசக் கீர்த்தனையில் உள்ளன. நீதிநூலில் விரல் நீட்டி அறிவுரை கூறியவர், இவற்றில் கை கூப்பி நிற்கிறார். கற்பிக்கும் தொனி மறைந்து, கேட்கும் தொனி வருகிறது. கடவுளோடு வழக்காடும் முன்சீப்பை இங்கே காண்கிறோம். பசித்தவர் பக்கம் நின்று அவர் வாதிடுகிறார். அவர் எழுதியவற்றுள் கவிதை என்று தயக்கமின்றிக் கூறத்தக்கவை இவையே. தம் கையில் இருந்ததைக் கொடுத்து முடித்த பின்னரே இக்குரல் அவருக்கு வாய்த்தது என்று நாம் எண்ணுகிறோம்.

ஐதராபாத்தில் வாழும் நமக்குப் பஞ்சத்தின் நினைவு மேதக்கில் கல்லாய் நிற்கிறது. பாதிரியார் சார்லஸ் வாக்கர் பாஸ்னெட் 1914-இல் தொடங்கி 1924 கிறித்துமஸ் நாளில் திறந்துவைத்த பேராலயம் அது. பசித்த மக்களை வேலைக்கு அமர்த்திச் சோறிட்டுக் கட்டப்பட்டது என்பர். இங்கிருந்து நூறு கிலோமீட்டர் அளவே தொலைவாதலால் நம் குடும்பங்கள் சுற்றுலாவாகச் சென்று, கோபுரத்தின் உயரத்தை வியந்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து உண்டு திரும்புகின்றன. அக்கற்களைச் சுமந்தவர்கள் எவ்வளவு பசியோடு சுமந்தனர் என்று அங்கே எவரும் பிள்ளைகளுக்குச் சொல்வதாகத் தெரியவில்லை. நாமும் முதன்முறை சொல்லவில்லை.

அன்பரின் வினாவுக்கு இப்போது மீள்வோம். சர்வ சமய சமரசக் கீர்த்தனையில் கிறித்துவின் பெயரை ஏன் அவர் விலக்கினார்? துணிவின்மை அன்று. தேவமாதா அந்தாதியும் சத்தியவேதக் கீர்த்தனையும் பாடித் தம் சமயத்தை வெளிப்பட உரைத்தவர் அவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடும் திருவாவடுதுறைச் சுப்பிரமணிய தேசிகரோடும் நெருங்கிப் பழகியவர். மகாவித்துவான் இவர்மீது குளத்தூர்க் கோவை பாடியதையும் நாம் அறிவோம். இத்தகைய நண்பர் நடுவில் வாழ்ந்தவர், எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணத்தக்க உணவு ஒன்றைச் சமைக்க விரும்பினார். தம் வீட்டுச் சமையலை அவர் இழிவாகக் கருதவில்லை. விருந்தினர் உண்ண இயலாததை அவர் இலையில் இடவில்லை, அவ்வளவே. இதில் இழப்பே இல்லை என்றும் நாம் கூறமாட்டோம். பெயரற்ற கடவுளைப் பாடும்போது சில கீர்த்தனைகள் நிறமற்றுப் போகின்றன. சிலுவையின் வேதனை அவற்றில் இல்லை. அதனைத் தேடுவோர் கிருட்டிண பிள்ளையிடமே செல்ல வேண்டும். ஆயின் பெயரைக் கூறுவது ஒரு சாட்சி என்றால், பெயரைக் கூறாமல் இலை போடுவதும் மற்றொரு சாட்சியே. முன்னதைக் கிறித்தவ இலக்கியம் என்று ஒப்புவோர், பின்னதை ஒதுக்குவதற்கு நியாயம் இல்லை.

சென்ற ஆண்டு நவராத்திரியின்போது, செகந்தராபாத்தில் நம் அடுத்த வீட்டுக் கொலுவுக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். மாயவரத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த மூதாட்டியார் ஒருவர், சுருதிப் பெட்டியும் இல்லாமல், கீர்த்தனை ஒன்றைப் பாடினார். கேட்டவுடன் அது முன்சீப்பின் பாடல் என்று அறிந்துகொண்டோம். பாடி முடித்ததும், இதனை இயற்றியவர் யாரென்று தெரியுமா அம்மா என்று கேட்டோம். தெரியாது என்றார், தம் பாட்டியார் அரிசி புடைக்கும்போது பாடக் கேட்டுக் கற்றதாம். வேதநாயகரைப் பற்றிச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், "பஞ்சத்திலே கஞ்சி ஊற்றினாரே, அந்த முன்சீப்பா?" என்று கேட்டுவிட்டு, நம் பிள்ளைகளுக்குச் சுண்டல் எடுத்துவர உள்ளே சென்றார்.